நான்கு மணி நேரமாகக் காயாத சட்டை

நேற்றுத் துவைத்த சட்டையின் தண்ணீரில் போட்ட காபியை ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கு லேசா உப்பு கரிக்கு" என்றாள் செண்பகவல்லி.

அவள் கணவர் கோமதிநாயகம் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வியர்வை அவருடையதுதான். ஆனால் அதை வடிகட்டி அனுப்புவது நிர்வாகத்தின் பொறுப்பு. செவ்வாயின் செம்மேடு குடியிருப்பில் துணியிலிருந்து பிரியும் நீர் ஒவ்வொரு சொட்டும் சுவருக்குள் போய், சுத்தமாகி, மறுநாள் சமையலறைக் குழாயில் வந்து சேரும். அங்கே இதற்கு யாரும் முகம் சுளிப்பதில்லை. விருந்தாளி வந்தால் மட்டும் என்ன துணி என்று சொல்லமாட்டார்கள்.

அன்று காலை கோமதிநாயகத்தின் கவலை காபியைப் பற்றியதல்ல. உலர்த்திக்குள் சுற்றிக்கொண்டிருந்த ஒரே ஒரு சட்டையைப் பற்றியது.

அது சாதாரணச் சட்டையும் அல்ல. நாளச்சட்டை. விண்ணுடைக்கு உள்ளே அணிவது. நூலுக்கு நூல் இடையில் மெல்லிய குழாய்கள் ஓடி உடம்பைச் சீராக வைத்திருக்கும். அது ஈரமாக இருந்தால் வெளியே போனதும் ஈரம் உறைந்து விண்ணுடையின் மூட்டுகள் இறுகிவிடும். ஆகவே வெளிவாசலில் ஈரமானி ஒன்றை வைத்திருந்தார்கள். ஆள் போய் நின்றால் பச்சை எரியவேண்டும். சிவப்பு எரிந்தால் கதவு திறக்காது. ஒரே மாதத்தில் மூன்று முறை சிவப்பு எரிந்தால் வெளிவேலை போய்விடும், கீழ்த்தளத்தில் பாசித் தொட்டி வேலை கிடைக்கும்.

கோமதிநாயகத்துக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு ஆகிவிட்டது.

பாசித் தொட்டி நல்ல வேலைதான் என்று எல்லாரும் சொல்வார்கள், அங்கே வேலை பார்ப்பவர்களைத் தவிர. சன்னல் கிடையாது. பச்சைக் குழம்பைக் கிண்டிக்கொண்டு மிச்சமிருக்கும் ஆறு வருடத்தையும் ஓட்டவேண்டும். கோவில்பட்டியில் நிம்மதியாக இருந்த மனிதர் எட்டு மாதம் கப்பலில் வாந்தியெடுத்துக்கொண்டு வந்தது எதற்கு? அந்த வானத்துக்குக் கீழே நிற்க. மனிதக் கால் படாத மண்ணைக் கண்ணால் பார்க்க. வெளிவேலை என்றால் குழாய்களுக்கு மேல் படிந்த மணலைத் தள்ளுவதுதான், பெரிய உத்தியோகம் ஒன்றுமில்லை. ஆனால் தினமும் ஆறு மணி நேரம் செவ்வாயைப் பார்த்துக்கொண்டே தள்ளலாம்.

முன்பு இரண்டு நாளச்சட்டைகள் இருந்தன. ஒன்று போன வாரம் கிழிந்துவிட்டது. மாற்றுச் சட்டை அடுத்த கப்பலில் வரும், கப்பல் பதினான்கு மாதம் கழித்து வரும். வீட்டு இயந்திரங்களுக்கு மின்சாரம் காலை எட்டு முதல் பன்னிரண்டு வரைதான். ஐம்பது நிமிடத்தில் காயவைக்கும் என்று கையேட்டில் போட்டிருந்த உலர்த்தி, நான்கு மணி நேரமும் சுற்றோ சுற்றென்று சுற்றிவிட்டு அக்குள் ஈரத்தோடு சட்டையைத் திருப்பிக் கொடுத்தது. இரண்டு சட்டை இருந்தவரை ஒன்றைப் போட்டிருக்கும்போது மற்றது இரண்டு நாள் உலர்த்திக்குள்ளேயே கிடந்து காய்ந்தது. யாரும் கவனிக்கவில்லை. கொடியில் போடலாமே என்றால், அறைக்குள் துணி காயப்போடுவதும் வெளியே காயப்போடுவதும் செம்மேட்டில் தண்ணீர்த் திருட்டு.

அவரும் சும்மா இருக்கவில்லை. பஞ்சு வடிகட்டியைக் கழற்றி ஊதினார். பல்துலக்கியால் தேய்த்தார். சட்டையைக் கைவலிக்கப் பிழிந்து போட்டார். கூடவே ஒரு காய்ந்த துண்டைப் போட்டால் சீக்கிரம் காயும் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள், துண்டும் ஈரமானது. பூமியிலுள்ள சேவை மையத்துக்குச் சொல்லி அனுப்பினார். ஒரு பக்கம் போய்ச் சேரவே பதினான்கு நிமிடம். "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது" என்று அரை மணி கழித்து வந்தது. அணைத்துவிட்டு மறுபடி போட்டுப் பார்த்தீர்களா என்று அடுத்த அரை மணியில் கேட்டார்கள். போட்டுப் பார்த்தேன் என்று இவர் சொல்ல, இன்னும் ஒருமுறை போட்டுப் பாருங்கள் என்று அதற்கடுத்த அரை மணியில் வந்தது. கடைசியில் உள்ளூர்ப் பழுதுநீக்கியை அனுப்புவதாக ஒப்புக்கொண்டார்கள்.

ஒன்பதரை மணிக்குப் பழுதுநீக்கி வந்தது. இடுப்பளவு உயரம், நான்கு கைகள், சுத்தமான செய்தி வாசிப்புத் தமிழ்.

"வணக்கம். இயந்திரத்திற்கு மின்னிணைப்பு கொடுக்கப்பட்டுள்ளதா?"

"அந்தா சுத்திக்கிட்டுத்தான இருக்கு. கண்ணு தெரியலையா?" என்றார் கோமதிநாயகம்.

"கேட்க வேண்டியது விதி. கதவு மூடப்பட்டுள்ளதா? துணி ஈரமாக உள்ளதா?"

"ஈரமா இருக்கதாலதான உன்னையக் கூப்பிட்டது!"

"ஏங்க, அதுகிட்டப் போய்க் கோவப்படுதீக" என்றாள் செண்பகவல்லி. "அது கேக்கட்டும். ஒரு மணிக்கு நீங்க வாசல்ல நிக்கணும். மூணாவது தடவ செவப்பு எரிஞ்சா நான் பாசிக் கொழம்பு வாடையோடதான் குடும்பம் நடத்தணும்."

பழுதுநீக்கி கேள்விகளை முடித்துக்கொண்டு வேலையில் இறங்கியது. சூடேற்றியைச் சோதித்தது, சரியாக இருந்தது. உருளையின் வேகம் சரி. பின்புறத்துக் குளிர்தட்டும் சரி. "சூடான காற்று துணியின் ஈரத்தை வாங்கிக்கொண்டு கீழ்ச் சல்லடை வழியாகக் குளிர்தட்டுக்குப் போகவேண்டும். அங்கே ஈரம் நீராகிவிடும். உங்கள் இயந்திரத்தில் காற்று போகவில்லை. அதே ஈரக்காற்று உள்ளேயே சுற்றுகிறது" என்று விளக்கிவிட்டு, குனிந்து முகப்பின் அடிப்பகுதியைப் பார்த்தது. அப்படியே பார்த்துக்கொண்டிருந்தது. ஓர் இயந்திரம் யோசிக்கத் தேவையானதைவிட இரண்டு விநாடி அதிகமாக.

"இந்த உறை எதற்காக?"

உலர்த்தியின் முகப்பு முழுக்க, சல்லடைத் துளைகள் உட்பட, மெல்லிய நீல நிற ஒளிபுகு உறை ஒட்டியிருந்தது. தொழிற்சாலையில் ஒட்டியது.

"அது வரும்போதே இருந்தது" என்றார் கோமதிநாயகம் பெருமையாக. "மூணரை வருசமாச்சு. பாருங்க, எங்கயாவது ஒரு கீறல்? இன்னும் புதுசு மாதிரி இருக்குல்லா?"

"அதன்மேல் ஏதோ அச்சிடப்பட்டுள்ளது. படித்திருக்கிறீர்களா?"

செண்பகவல்லி குனிந்து, ஒவ்வொரு சொல்லாகப் படித்தாள். "பயன்படுத்தும் முன் உரித்துவிடவும்." நிமிர்ந்து கணவரைப் பார்த்தாள். "இது வந்த அன்னைக்கே நான் உரிக்கப் போனேன். கையத் தட்டிவிட்டது யாரு?"

"எல்லாத்துலயும்தான் அப்படிப் போட்டிருப்பான். அதெல்லாம் சும்மா ஒரு இதுக்குப் போடுறது" என்றார் அவர், குரல் இறங்கி. பழுதுநீக்கி உறையின் நுனியைப் பிடித்தபோது அவருக்கு மனசு கேட்கவில்லை. "அந்த ஓட்டை இருக்க இடத்துல மட்டும் வெட்டிவிட்டாப் போதாதா?"

பழுதுநீக்கி ஒரே இழுப்பில் உரித்தது. சர்ரென்ற அந்தச் சத்தம் கோமதிநாயகத்தின் நெஞ்சில் போய் இறங்கியது. உறையை வாங்கி, நான்காக மடித்து, எதற்காவது உதவும் என்று இழுப்பறையில் வைத்தார். பழுதுநீக்கி தன் அறிக்கையில் 'வளிமண்டலக் காரணங்கள்' என்று பதிந்துகொண்டது. செம்மேட்டில் நூற்றுக்கு எழுபது பழுதுகள் வளிமண்டலக் காரணங்களால்தான். வாடிக்கையாளர் மனம் நோகக்கூடாது என்பதும் விதி.

ஐம்பதாவது நிமிடத்தில் மணி அடித்தது. சட்டை அப்பளம் போல் காய்ந்திருந்தது. கோமதிநாயகம் அதை முகத்தில் வைத்து வைத்துப் பார்த்தார். சிரித்தார். செண்பகவல்லி திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தாள், அந்தச் சிரிப்பைப் பார்த்து மாலைக்கு ஒத்திவைத்தாள்.

ஒரு மணிக்கு ஈரமானியில் பச்சை எரிந்தது. கதவு திறந்தது. கோமதிநாயகம் செவ்வாய் மண்ணில் காலை வைத்து, மணல் தள்ளியைக் கீழே போட்டுவிட்டு, சும்மா நின்றார். அந்தப் பழுப்பு வானம், தூரத்தில் மங்கலாகத் தெரிந்த மலை. கையை விட்டுப் போக இருந்தது திரும்பக் கிடைத்துவிட்டது.

"அண்ணாச்சி" என்று காதுக்குள் மேற்பார்வையாளர் ரெஜினாவின் குரல் கேட்டது. அவள் பத்தடி தள்ளி நின்றாள். "உங்க தலைக்கவசக் கண்ணாடி ஓரத்துல என்னமோ பிஞ்சு தொங்குது. அசையாம நில்லுங்க."

அவர் கையுறை விரலால் தடவிப் பார்த்தார். வலது ஓரத்தில் ஒரு மெல்லிய உறை, இரண்டு விரல் அகலத்துக்கு உரிந்திருந்தது. அந்த இரண்டு விரல் இடைவெளியில் அவர் கண் போனது.

மலை அங்கே அடுக்கடுக்காக நின்றது. சிவப்பு, அதற்கு மேல் காவி, அதற்கு மேல் கிட்டத்தட்ட ஊதா. ஒவ்வொரு கல்லுக்கும் கத்தியால் வெட்டியது போல் ஒரு நிழல். இருபது கிலோமீட்டருக்கு அப்பால் ஒரு பாறையில் விழுந்த வெடிப்பைக்கூட எண்ணலாம் போலிருந்தது. நான்கு வருடமாக, செவ்வாய் என்றால் ஆவி படிந்த சன்னல் மாதிரிதான் இருக்கும் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார் அவர். இவ்வளவு அழகா இது?

"அடப்பாவமே, இத்தன வருசமா உரிக்கவே இல்லையா!" ரெஜினா விழுந்து விழுந்து சிரித்தாள். "உரிச்சுப் போடுங்க அண்ணாச்சி. நான் வேணா உரிக்கேன்."

அவள் கை நீண்டதும் கோமதிநாயகம் ஒரு அடி பின்னால் போனார். பத்து வருடத்துக்கு ஒரு தலைக்கவசம். வெளியே முழுக்க மணல். ஒரு பொடிக்கல் பட்டால் போதும்.

கட்டைவிரலால் உறையை அழுத்தி, உள்ளே குமிழி நிற்காதபடி ஓரம் வரை பதமாக நீவிவிட்டார். மலை பழையபடி மங்கியது.

"இருக்கட்டும் மேடம்" என்றார். "கண்ணாடி இன்னும் புதுசா இருக்கு."