ஐப்பசி ஒன்பது, ஆறு விநாடி

அதிபர் குணபாலன் காலை ஐந்து நாற்பதுக்குக் கண்விழித்தார். எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டார். செருப்பைக் காலால் துழாவினார்.

இசக்கியம்மாள் ஆவணக் காப்பகத்தின் மூன்றாம் காட்சிக்கூடத்தில் அமர்ந்து, மூன்று ஆண்டுகளுக்கு முந்தைய அந்தக் காலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கூடத்தில் அவளைத் தவிர வேறு பார்வையாளர் இல்லை. பக்கத்துக் கூடத்தில் பள்ளிப் பிள்ளைகள் கைதட்டும் ஓசை கேட்டது. அங்கே அதிபர் கடல்பாலத்தைத் திறந்துவைத்த நாள் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் அந்தப் பாலம் திறந்த நாளைத்தாம்மா கேப்பாங்க," என்றார் பொறியை இயக்கும் நைனார் முகமது. "ஐப்பசி ஒன்பதுல அப்படி என்ன விசேஷம்?"

"அன்னைக்குத்தான் என் தம்பி மனுவத் தள்ளுபடி பண்ணுனாவ."

நைனார் தண்ணீர்க் குவளையை அவள் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு இருக்கைக்குத் திரும்பினார்.

நெய்தல் குடியரசில் அரசுக் கட்டடங்களின் கதவும் நாற்காலியும் எழுதுகோலும் தேநீர்த் தட்டும் தம் ஒவ்வோர் அசைவையும் காப்பகத்துக்கு அனுப்பின. கோப்புகளில் இருந்தவை உணர்தாள்கள். எந்த விரல் எந்தப் பக்கத்தை எப்போது புரட்டியது என்பது அவற்றின் இழைகளில் தங்கிவிடும். இந்தப் பதிவுகளையெல்லாம் கோத்து ஒரு முழு நாளையும் கண்முன்னே எழுப்பிக் காட்டியது நாள்மீட்பி. பதிவு இல்லாத எதையும் அது காட்டாது. அந்த இடம் இருட்டாகவே இருக்கும்.

தம் உழைப்பை நாடு பார்க்க வேண்டும் என்று குணபாலனே அதற்கொரு சட்டம் கொண்டுவந்திருந்தார். எந்தக் குடிமகனும் வாழ்நாளில் ஒருமுறை, அதிபரின் ஏதாவது ஒரு நாளைக் கேட்டுப் பெறலாம்.

இசக்கி கடல்நீர் ஆலையில் வடிகட்டிகளைக் கழுவுகிறவள். அவளுடைய தம்பி பேச்சிமுத்துவும் அங்கேதான் வேலை பார்த்தான். ஆலைக் கிடங்கின் காவலாளியைக் கொன்றதாக அவனைப் பிடித்தார்கள். ஆலை பாதுகாக்கப்பட்ட வளாகம் என்பதால் விசாரணை மூடிய அறையில் நடந்தது. இசக்கிக்குத் தெரியவந்தது தீர்ப்பு மட்டுந்தான். சிறையில் அவனைக் கண்ணாடிக்கு அப்பால் பார்க்கலாம். வழக்கைப் பற்றி ஒரு சொல் வந்தாலும் பேசுகருவி குரலை வெட்டிவிடும். "எல்லாம் மனுவுல எழுதிருக்கேன் அக்கா," என்று ஒருமுறை சொன்னான். அடுத்த சொல் வெட்டுப்பட்டது.

பிறகு அந்தக் கடிதம் வந்தது. 'உமது சகோதரரின் கருணை மனு மாண்புமிகு அதிபரால் மிகுந்த கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டு நிராகரிக்கப்பட்டது.' கடிதம் வந்த ஒன்பதாம் நாள் அவனைத் தூக்கிலிட்டார்கள். அவனுக்கு இருபத்துமூன்று வயது.

அந்த மிகுந்த கவனத்தைப் பார்க்கத்தான் அவள் வந்திருந்தாள்.

பத்து ஐம்பத்திரண்டுக்குச் செயலாளர் பதினான்கு கோப்புகளைக் கொண்டுவந்தார். குணபாலன் எழுதுகோலைக் கேட்டு வாங்கினார். ஏழாவது கோப்பின் மேல் பேச்சிமுத்துவின் பெயர் இருந்தது. செயலாளர் கடைசிப் பக்கத்தை மட்டும் விரித்துப் பிடித்தார். அதிபர் கையெழுத்திட்டார். கோப்பு போய்விட்டது.

"எவ்வளவு நேரம்?" என்று கேட்டாள் இசக்கி.

நைனார் தலையைக் குனிந்துகொண்டார். "ஆறு விநாடிம்மா."

"மத்தப் பக்கமெல்லாம்?"

"மொத்தம் நாப்பத்துமூணு பக்கம். ஒண்ணையும் புரட்டலை. அவருக்கு முன்னாடி இருந்த அஞ்சு அதிகாரிங்களும் புரட்டலை. ஒருத்தர் குறிப்புக்குக் கீழே இன்னொருத்தர் 'ஏற்கிறேன்'னு எழுதிட்டே போயிருக்காங்க."

எழுந்து போய்விடலாமா என்று நைனார் கண்ணால் கேட்டார். அவள் நகரவில்லை. பதினொரு மணிக்கு ஒரு சிற்பி வந்தான். தலைநகர்ச் சதுக்கத்தில் வைக்கப்போகும் தம் சிலைக்கு எந்த மூக்கு பொருந்தும் என்று குணபாலன் எட்டு மண்மாதிரிகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணாடி கொண்டுவரச் சொல்லி, பக்கவாட்டில் தம் மூக்கையும் பார்த்துக்கொண்டார். இதற்கு ஒரு மணி நேரம் பன்னிரண்டு நிமிடம் ஆனது.

இசக்கி குவளையை எடுத்து அந்த உருவத்தின்மேல் வீசினாள். அது அதிபரின் மார்பை ஊடுருவிச் சுவரில் மோதி உடைந்தது. அவர் ஐந்தாவது மூக்கைத் தடவிக்கொண்டிருந்தார்.

இசக்கி வெளியே வந்து சொன்ன அந்த ஆறு விநாடி மறுநாளே நாடெங்கும் பரவிவிட்டது. ஆலைகள் நின்றன. சதுக்கத்துச் சிலையின் மூக்கை யாரோ உடைத்தார்கள். வேறு வழியின்றி அரசு ஒரு விசாரணை ஆணையம் அமைத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி ரெபேக்கா தங்கம் அதன் தலைவர். அதிபரே சாட்சியாக வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார்.

மூன்றாம் நாள் அரசு வழக்கறிஞர் வரதன் எழுந்தார்.

"அந்தக் கோப்பு அதிபரின் நாளைச் சேர்ந்தது. ஆகவே அந்தத் தாள்களின் முழு வரலாறும் இந்த ஆணையத்தின் முன் வரலாம். ஆவணி இருபத்திரண்டு, மாலை நாலு ஐம்பத்தாறைக் காட்டச் சொல்லுங்கள்."

நாள்மீட்பி சிறைச்சாலையின் மனு கவுண்டரை எழுப்பியது. இசக்கி மூச்சிரைக்க வந்து நின்றாள். எழுத்தர் நாற்பத்துமூன்று பக்கக் கட்டை நீட்டினார். அவள் உறவினர் என்ற இடத்தில் கையெழுத்துப் போட்டாள். கட்டு உறைக்குள் போனது.

"நான்கு விநாடி," என்றார் வரதன். "அதிபர் எடுத்துக்கொண்டதைவிட இரண்டு விநாடி குறைவு. கூடப்பிறந்த அக்காளே ஒரு பக்கத்தைக்கூடப் புரட்டவில்லை. ஒரு நாட்டைத் தூக்கிச் சுமக்கிறவரிடம் மட்டும் எப்படி எதிர்பார்க்கிறீர்கள்?"

கூடத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நேற்றுவரை அவளுக்காகக் கோஷம் போட்டவர்களில் சிலர் அவளை வேறு மாதிரிப் பார்த்தார்கள்.

இசக்கி எழுந்தாள்.

"ஆமா, படிக்கல. அரை நாள் லீவு கேட்டு, ரெண்டு பஸ்ஸு மாறி ஓடி வந்தேன். அஞ்சு மணிக்கு அடைச்சிருவோம், சீக்கிரம் போடுன்னாவ. போட்டேன். நகல் கேட்டேன், கெடையாதுன்னுட்டாவ. உசுருக்குக் கெஞ்சித்தான் எழுதிருப்பான், அத எந்த மனசோட படிக்கன்னும் இருந்துச்சு. படிச்சிருக்கணும். அத நெனச்சு நெனச்சுத்தான் சாகுதேன்." அவள் வரதனை நேராகப் பார்த்தாள். "ஆனா வக்கீலய்யா, கயித்த நிறுத்துத அதிகாரம் என் கையிலயா இருந்துச்சு? மாளிகையும் பேனாவும் குடுத்து, படிச்சு முடிவு சொல்லுன்னு என்கிட்டயா சொன்னீய? அவுககிட்டதான சொன்னீய! மூக்கு பாக்க நேரம் இருந்துச்சுல்லா!"

அவள் கையை வீசிக் கூடம் முழுவதையும் காட்டினாள்.

"மூணு நாளா இங்க வாதாடுதீய. அந்த நாப்பத்துமூணு பக்கத்தையும் படிச்சவுக இங்க யாரு இருக்கா? கையத் தூக்குங்க பாப்போம்."

வரதன் தம் கணித்திரையைத் தட்டினார். "சுருக்கம் என்னிடம் இருக்கிறது..."

ரெபேக்கா தங்கம் கண்ணாடியைக் கழற்றினார். "என்னிடமும் சுருக்கந்தான் இருக்கிறது. நானும் மனுவைப் படிக்கவில்லை," என்றார். அவர் முகம் சிவந்திருந்தது. "அந்தக் கோப்பை இங்கே கொண்டுவாருங்கள்."

அவர் முதல் பக்கத்திலிருந்து வாய்விட்டுப் படிக்கத் தொடங்கினார். பதினாறு பக்கங்கள் சட்டப் படிவங்கள். சிலர் நெளிந்தார்கள், அதிபர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பதினேழாம் பக்கத்தில் பேச்சிமுத்துவின் கையெழுத்து தொடங்கியது.

"ஐயா, நான் கருணை கேட்டு இதை எழுதவில்லை. காவலாளி செத்தது பங்குனி மூன்று, காலை பதினொரு மணி என்கிறார்கள். அன்று எனக்குப் பல்வலி. விடியற்காலையில் பஸ் ஏறிக் கீழமுனை அரசு மருத்துவமனைக்குப் போனேன். கைரேகை வைத்து டோக்கன் வாங்கினேன். பதிவு காப்பகத்தில் இருக்கும். கோர்ட்டில் சொன்னேன். குடிமக்களின் நாளைத் திறக்க அதிபரின் உத்தரவு வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். தங்கள் நாட்களை எல்லோருக்கும் காட்டுகிறீர்கள். என் ஒரு நாளைத் தாங்கள் மட்டும் பார்த்தால் போதும்."

நீதிபதி நிறுத்தினார். இசக்கி இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அதிபர் அவர்களே, அந்த நாளைத் திறக்க உங்கள் உத்தரவு வேண்டும்."

குணபாலன் வரதனைப் பார்த்தார். வரதன் வேண்டாம் என்று மெல்லத் தலையசைத்தார்.

"அது முடிந்துபோன வழக்கு அம்மா," என்றார் குணபாலன்.

"முடித்தது நீங்கள்."

வெளியே வளாகத்தில் நின்ற கூட்டமும் ஒலிபெருக்கியில் இதைக் கேட்டுக்கொண்டிருந்தது. அதன் இரைச்சல் சன்னல்களை அதிர வைத்தது. குணபாலன் கையெழுத்திட்டார்.

அவருடைய ஐப்பசி ஒன்பதுக்கு நாள்மீட்பியிடம் இரண்டு லட்சம் பதிவுகள் இருந்தன. பேச்சிமுத்துவின் பங்குனி மூன்றுக்கு நான்கே நான்கு. ஆறு பதினைந்துக்குப் பேருந்துப் படியில் ஒரு கட்டைவிரல். இருட்டு. ஒன்பது நாற்பதுக்கு மருத்துவமனை கவுண்டரில் அதே விரல். டோக்கன் எண் நூற்றுப் பதினெட்டு. மறுபடி நெடிய இருட்டு. ஒன்று இருபத்தைந்துக்குப் பல் மருத்துவரின் நாற்காலி.

அந்த நாற்காலி மட்டும் புதிய வகை. அதில் அமர்கிறவரின் உடலை அது முழுதாகப் பதிந்துவைத்திருந்தது. பேச்சிமுத்து கூடத்தின் நடுவில் வாயைத் திறந்துகொண்டு, கைப்பிடிகளை இறுகப் பற்றிக்கொண்டு படுத்திருந்தான். ஊசியைக் கண்டதும் அவன் கால் விரல்கள் மடங்கின.

"எப்பவும் இப்படித்தான் பயப்படுவான்," என்றாள் இசக்கி, யாரிடமும் இல்லாமல்.

நான்காவது பதிவு மாலைப் பேருந்து. கீழமுனையிலிருந்து ஆலைக்குப் போக மட்டும் மூன்று மணி நேரம் ஆகும். காவலாளி செத்த பதினொரு மணிக்கு அவன் அங்கே இருந்திருக்கவே முடியாது. யாரும் அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த நான்கு பதிவுகளையும் தேடியெடுக்க நாள்மீட்பிக்கு இரண்டு விநாடி போதுமாயிருந்தது.

குணபாலன் பதவி விலகவில்லை. ஒளிபரப்பில் தோன்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பேச்சிமுத்து குற்றமற்றவன் என்று அறிவித்தார். இனி எந்தக் குடிமகனும் தன் நாளைத் தானே கேட்டுப் பெறலாம் என்று புதுச் சட்டம் கொண்டுவந்தார். நாடு கொண்டாடியது. சட்டத்தின் பன்னிரண்டாம் பிரிவை யாரும் கவனிக்கவில்லை. அதிபர் அச்சமின்றிச் சிந்திக்க வேண்டும் என்பதற்காக, அவருடைய அலுவலறை இனி எதையும் பதிவு செய்யாது என்றது அது.

ஓராண்டுக்குள் நீதிமன்றங்களின் பழக்கம் மாறியது. யார் எதைச் சொன்னாலும் நீதிபதிகள் ஒரே கேள்வி கேட்டார்கள்: "பதிவு எங்கே?" பதிவு இல்லாதவன், தான் எங்கே இருந்தான் என்று சொல்ல முடியாதவன்; அப்படிச் சொல்ல முடியாதவன் சந்தேகத்துக்குரியவன். மக்கள் பயந்துபோனார்கள். வேலை எதுவும் இல்லாதபோதும் அஞ்சலகத்திலும் மின்வாரியத்திலும் போய்க் கைரேகை வைத்துவிட்டு வரத் தொடங்கினார்கள். அரசு அவர்களுக்கென்றே ஊர்தோறும் இருப்புப் பதிவு கவுண்டர்களைத் திறந்தது. காலை, நண்பகல், மாலை என்று மூன்று வேளையும் கூட்டம்.

ஒரு நண்பகலில் ஆலையிலிருந்து திரும்பிய இசக்கி, தன் தெருவே அந்த வரிசையில் நிற்பதைக் கண்டாள்.

"நீயும் வந்து நில்லு இசக்கி," என்று கூப்பிட்டாள் பக்கத்து வீட்டு ஞானசெல்வம். "உன் தம்பியாலதான் நமக்கு இந்த வசதியே வந்துச்சு."

இசக்கிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. "வசதியா? நாம எங்க நிக்கோம், எங்க உக்காருதோம்னு தெனம் மூணு வேள எழுதிக் குடுக்கீய. அதிபரு உள்ள உக்காந்து எதுல கையெழுத்துப் போடுதான்னு இனி எவனுக்கும் தெரியாது. பன்னெண்டாம் பிரிவப் படிச்சியளா? இதுக்கா என் தம்பி செத்தான்?"

சிலர் பார்வையைத் தாழ்த்தினார்கள். வரிசையை விட்டு ஒருவரும் விலகவில்லை. கடைசியில் நின்ற ஒரு பெண் மெதுவாகச் சொன்னாள்:

"நீ சொல்லுதது நெசந்தாம்மா. ஆனா என் மவன் ஜெயிலுக்குள்ள கெடக்கான். சம்பவம் நடந்த அன்னைக்கு அவன் வீட்டுலதான் காய்ச்சலா படுத்திருந்தான். நாந்தான் கஞ்சி வச்சுக் குடுத்தேன். ஜட்ஜு பதிவக் கேக்காரு. கஞ்சி குடிச்சதுக்கு எங்க போயிக் கைரேகை வைக்க?"

இசக்கி அவளை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவள் கையைப் பிடித்து, வரிசையைத் தாண்டி முன்னால் இழுத்துக்கொண்டு போனாள். கவுண்டர் கண்ணாடியில் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தாள்.

"ஏய்! பெத்த தாயி சொல்லுதா, அவன் வீட்டுல இருந்தான்னு. பதிவு இல்லேன்னா மனுசனே இல்லையா?"

உள்ளேயிருந்த எழுத்தர் திடுக்கிட்டுப் பின்வாங்கினார். "அம்மா, இங்க சத்தம் போடாதீங்க. நீங்க அடிக்கிறது, கத்துறது எல்லாம் உங்க பேர்ல பதிவாகும்."

"ஆகட்டும்லே," என்றாள் இசக்கி. மறுபடி அறைந்தாள். "நல்லாப் பதிஞ்சுக்கோ!"