ஒன்பதாம் வளைவில் பச்சை மோரிஸ்

சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குச் சந்திரவல்லி அந்த மாடிப்படியில் ஏறி வந்தபோது ஜெகதீஷ் தலைகால் புரியாத குஷியில் இருந்தார். அதை நினைத்து அவர் பிற்பாடு எத்தனையோ நாள் வெட்கப்பட்டிருக்கிறார்.

போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் பேட்டரிக் கடை வைத்திருப்பவர் அவர். ஐம்பது வயது. பழைய கார் ஒன்று தெருவில் போனால் கல்லாவைத் திறந்தபடி விட்டுவிட்டுப் பின்னாலேயே ஓடுவார். படம் எடுப்பார், வருடம் கண்டுபிடிப்பார், உடனே இணையத்தில் போடுவார். கடைக்கு மேல்மாடியில் முத்துப்பிரியாவின் அலுவலகம். விபத்தில் அடிபட்ட வண்டிகளைச் சோதித்து இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்கு அறிக்கை எழுதும் சர்வேயர் அவள். முப்பத்து நாலு வயதுதான். ஆனால் வண்டி விவகாரம் எது சிக்கலானாலும் போடியில் பாதிப் பேர் அவளைத் தேடித்தான் வருவார்கள்.

"பாத்தியா ஆத்தா, நானூறு பேர் பாத்துட்டாங்க!" என்று ஜெகதீஷ் முத்துப்பிரியாவிடம் போனை நீட்டினார். போடிமெட்டு மலைப்பாதையின் ஒன்பதாம் வளைவு. நடுவில் ஐம்பத்து மூன்றாம் வருடத்து மோரிஸ் மைனர், கரும்பச்சை. இறக்கத்தைப் பார்த்து நிற்கிறது. முன் சக்கரத்தருகே ஒரு ஆள் குனிந்து கல் வைக்கிறார். வேறு இடைஞ்சல் எதுவும் இல்லாமல், சதுரமாக, கச்சிதமான படம். ஞாயிற்றுக்கிழமை போடியில் நடக்கப்போகும் பழைய கார் கண்காட்சிக்கு அந்தக் கார் மலையிலிருந்து இறங்கி வந்தபோது எடுத்தது. நேற்று, வெள்ளிக்கிழமை மாலை ஐந்து பத்துக்கு.

அப்போதுதான் சந்திரவல்லி உள்ளே வந்தாள். மூச்சு வாங்கியது.

"அண்ணே, அந்தப் போட்டோவப் போட்டது நீங்கதானே?"

"நான்தான் தாயி" என்றார் ஜெகதீஷ், பெருமையாகவே.

"அதுதாண்ணே என் வீட்டுக்காரரை ஜெயிலுக்கு அனுப்பப் போகுது."

ஜெகதீஷ் நீட்டிய போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். முத்துப்பிரியா நாற்காலியை இழுத்துப் போட்டாள். "உக்காருங்கக்கா. தண்ணி குடிங்க. மொதல்ல இருந்து சொல்லுங்க."

சந்திரவல்லியின் புருஷன் அமாவாசை. ஏலத்தோட்ட முதலாளி பாண்டியராஜனிடம் இருபத்திரண்டு வருடமாக டிரைவர். அந்த மோரிஸ் முதலாளியுடையது. நேற்று மாலை ஐந்தரைக்கு, மலை அடிவாரத்தில் முந்தல் ஊருக்குக் கீழே அந்தக் கார், பைக்கில் வந்த சிலமலைக்காரர் மலைச்சாமியை இடித்துத் தள்ளிவிட்டு நிற்காமல் போய்விட்டது. அவருக்குத் தொடை எலும்பு முறிவு. தேனி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். பச்சை நிறத்துப் பழைய கார் என்பது மட்டும்தான் அவருக்குத் தெரிந்தது. காரை ஓட்டியது அமாவாசை என்று முதலாளியின் மருமகன் விஜயகுமார் சொல்கிறார். இடிப்பதற்கு இருபது நிமிடம் முன்பு காருக்குப் பக்கத்தில் நின்றது அமாவாசை மட்டும்தான் என்பதற்கு ஜெகதீஷின் படத்தை ஸ்டேஷனில் காட்டியிருக்கிறார்.

"உங்க வீட்டுக்காரரு என்ன சொல்றாரு?"

"கார மாப்பிள்ளைதான் ஓட்டுனாராம். இவரு ஏலக்காய் மூட்டை ஏத்துன ஜீப்புல பின்னாடி வந்தாராம். மாப்பிள்ளை சொல்றதோ வேற. அவரு ஜீப்ப நாலரை மணிக்கே போடியில முதலாளி கோடவுன்ல கொண்டாந்து விட்டுட்டு வீட்டுக்குப் போயிட்டாராம். இவரு இடிச்சுப்புட்டு, கார கண்காட்சி மைதானத்துல போட்டுட்டு, ஜீப்புல வந்தவரு மாதிரி கோடவுன்ல போயி உக்காந்துக்கிட்டாராம். வாட்ச்மேன் ஆறரைக்குத்தான் வந்தான், அவனுக்கு ஒண்ணும் தெரியாது. இன்னிக்கு நாலு மணிக்கு இவர ஸ்டேஷனுக்குக் கொண்டாந்து விடச் சொல்லிருக்காங்க. லைசென்சு போச்சுன்னா எங்களுக்கு என்னண்ணே இருக்கு?"

அவள் அழவில்லை. அழுதிருந்தால்கூட ஜெகதீஷுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். தான் ஆசை ஆசையாக எடுத்த படம் ஒரு மனுஷன் கழுத்தில் கயிறாக விழுந்துவிட்டதே! "ஒண்ணே ஒண்ணுதான் ஆத்தா எடுத்தேன். பத்தாவது வளைவுல பைக்க நிறுத்தி, தூரத்துலருந்து ஜூம் பண்ணி எடுத்தேன். அதுக்குள்ள மஞ்சு மூடிருச்சு, மழையும் வந்துச்சு, திரும்பிட்டேன். யாரு ஓட்டுனாங்கன்னு பாக்கலியே" என்று புலம்பினார்.

"புலம்பாதீங்கண்ணே. வண்டியப் பாப்போம், வாங்க."

மைதானத்தில் கண்காட்சி வேலை பார்க்கும் கார்த்தியும் நாலு பேரும் மோரிஸைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். அது அசைவேனா என்றது. இடது முன்விளக்கின் வளையம் நசுங்கியிருந்தது. அதைப் பார்த்ததும் ஜெகதீஷ் ஐயோ என்று தலையில் கை வைத்தார். காருக்காகவா, மலைச்சாமிக்காகவா என்று அவரைக் கேட்டால் அப்போது பதில் சொல்லியிருக்க மாட்டார்.

"என்னக்கா இது, பின் சக்கரம் ரெண்டும் இறுகிக் கெடக்கு" என்றான் கார்த்தி. "போலீஸ் பாத்து முடிச்சிட்டு நிழலுக்குத் தள்ளி வைக்கச் சொன்னாங்க. காலையிலருந்து மல்லுக்கட்டுறோம்."

"இங்க கொண்டாந்து நிறுத்துனது யாரு?"

"பாக்கலக்கா. நேத்து சாயங்காலம் ஆறு மணிக்கு நான் வந்தப்பவே நின்னுச்சு. சாவி அதுலயே தொங்குச்சு."

முத்துப்பிரியா கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள். இரண்டு முன்சீட்டுக்கும் நடுவில் ஹேண்ட் பிரேக் கம்பி முழுசாக மேலே இழுத்தபடி நின்றது. பின் சக்கரத்தருகே குனிந்து முகர்ந்தாள். தீய்ந்த வாடை இன்னும் போகவில்லை. கைக்குட்டையால் விரலைத் துடைத்துக்கொண்டாள். ஜெகதீஷ் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டு.

கோடவுன் வாசலில் ஜீப்பை ஒட்டி அமாவாசை உட்கார்ந்திருந்தார். எங்கேயும் போய்விடக் கூடாது என்று இரண்டு பேரைக் காவலுக்கு வைத்திருந்தார்கள். கண்கள் சிவந்திருந்தன.

"ஒன்பதாவது வளைவுல மாப்பிள்ளை கார நிறுத்துனாரும்மா. பிரேக்குல பொகை வந்துச்சு. நான் ஜீப்ப நிறுத்திட்டு ஓடிப்போயி கல்லு வச்சேன். ரெண்டாவது கியர்ல இறங்குங்க, பிரேக்க மிதிச்சுக்கிட்டே போகாதீங்கன்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேன். எனக்குத் தெரியும் போய்யான்னுட்டாரு. லோடு வண்டி, நான் மெதுவாத்தான வரமுடியும்? முந்தல் தாண்டி கூட்டம் நின்னுச்சு. அடிபட்டவர ஆட்டோவுல கொண்டு போயிட்டாங்க. யாரோ பைக்குல விழுந்துட்டாங்கன்னு நெனச்சு வந்துட்டேன்."

"மலையில வண்டிய நிறுத்துனா என்ன செய்வீங்கண்ணே?"

"கியர்ல போட்டு, சக்கரத்துக்குக் கல்லு குடுப்பேன்."

"ஹேண்ட் பிரேக்கு?"

அந்த நிலைமையிலும் அமாவாசைக்குச் சிரிப்பு வந்தது. "தோட்டத்துல யாரும்மா அதத் தொடுவா? வருசத்துல எட்டு மாசம் மழ. ஈரத்துல இழுத்து விட்டா பிரேக் ஷூ சக்கரத்து டிரம்முல ஒட்டிக்கிட்டு மறுநா வண்டி நகராது. சூடா இருக்கறப்ப இழுத்தா கேக்கவே வேண்டாம்."

முத்துப்பிரியா ஜீப்புக்குள் ஏறி உட்கார்ந்து எதையோ இழுத்துப் பார்த்தாள். பிறகு இறங்கி, அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்தாள். சேலையெல்லாம் மண்.

"இது போதுமே ஆத்தா!" என்று ஜெகதீஷ் துள்ளினார். "மோரிஸ்ல ஹேண்ட் பிரேக்கு இழுத்துக் கெடக்கு. அமாவாசை அதத் தொடவே மாட்டாரு. வெரசா வா, ஸ்டேஷனுக்குப் போவோம்."

"போதாதுண்ணே. பதட்டத்துல பழக்கத்த மறந்துட்டாருன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சு போச்சு. ரோட்டுல அந்த ரெண்டு வண்டியும் ஒண்ணா நின்னதக் காட்டணும்." அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "நீங்க போடுற படமெல்லாம் படுக்கை வாட்டத்துல நீளமா இருக்கும். இது மட்டும் ஏன் சதுரமா இருக்கு?"

பழைய கார் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான். அபூர்வமான வண்டி தனியாக நிற்க வேண்டும். பக்கத்தில் ஆட்டோ, ஜீப், மினி பஸ் என்று தினமும் பார்க்கிற எதுவும் தெரியக் கூடாது. அந்த மலையில் ஜீப் என்பது காக்கை மாதிரி, அதை எவன் நினைவு வைத்துக்கொள்வான்?

"ஓரத்துல... ஏதோ ஒண்ணு நின்னுச்சு. அசிங்கமா இருந்துச்சுன்னு வெட்டிட்டேன்."

"அசலு இருக்கா, அழிச்சிட்டீங்களா?"

ஜெகதீஷ் போனை எடுத்தார். இரண்டு தடவை தப்பான இடத்தில் தொட்டார். மூன்றாவது தடவை, வெட்டிய படம் பழையபடி விரிந்தது. அவர் போனை முத்துப்பிரியாவிடம் கொடுத்தார்.

மூன்று மணிக்கு மைதானத்தில் மோரிஸைச் சுற்றி எல்லோரும் நின்றார்கள். வெள்ளை வேட்டியில் பாண்டியராஜன். அவருக்குப் பக்கத்தில் விஜயகுமார், முப்பது வயது, அடிவாரத்து ராசிங்காபுரத்துக்காரர், கல்யாணமாகி ஒரு வருடம்தான் ஆகிறது. எதிரே அமாவாசையும் சந்திரவல்லியும். ஜெகதீஷுக்கு ஒரே கவலை. இது கைகூடாவிட்டால் அந்தப் பொம்பளை முகத்தில் எப்படி முழிப்பது?

"சீக்கிரம் சொல்லும்மா. நாலு மணிக்கு நான் வாக்குக் குடுத்திருக்கேன்" என்றார் பாண்டியராஜன்.

"ஒரே நிமிசந்தாங்கய்யா." முத்துப்பிரியா மருமகன் பக்கம் திரும்பினாள். "நீங்க ஜீப்ப எத்தனை மணிக்குப் போடியில விட்டீங்க?"

"நாலரை. எத்தனை தடவை சொல்றது?"

அவள் போனைத் தூக்கிக் காட்டினாள். "இது ஜெகதீஷண்ணன் வெட்டாத படம். அஞ்சு பத்துக்கு எடுத்தது. மோரிசுக்குப் பின்னாடி நிக்கிறது உங்க ஜீப்பு. நம்பரும் தெரியுது, நீலத் தார்ப்பாய்க்கு அடியில காய் மூட்டையும் தெரியுது. அஞ்சு பத்துக்கு ஒன்பதாவது வளைவுல நின்ன ஜீப்பு நாலரைக்கு எப்படிங்க போடிக்கு வந்துச்சு?"

விஜயகுமார் கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தார். பாண்டியராஜன் மருமகனைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் சந்தேகத்தைவிடப் பயம்தான் அதிகம் தெரிந்தது.

"நேரம் தப்பாச் சொல்லிட்டேன் மாமா" என்றார் விஜயகுமார் அவசரமாக. "நான்தான் ஜீப்புல பின்னாடி வந்தேன். அமாவாசை கார நிறுத்துனதப் பாத்து நானும் நிறுத்துனேன். இறங்கி ஓரமா நின்னேன், அவ்வளவுதான். கார ஓட்டுனது அவன்தான்."

ஜெகதீஷ் பல்லைக் கடித்தார். நழுவிவிட்டானே! சந்திரவல்லி புருஷன் கையைப் பிடித்துக்கொண்டாள்.

முத்துப்பிரியா பதறவில்லை. "அப்படியே வச்சுக்குவோம். அங்க சரியான இறக்கம், வண்டியில லோடு வேற. ஜீப்பு உருளாம எப்படி நிறுத்துனீங்க?"

"எப்படின்னா? எல்லாரையும் போலத்தான். ஹேண்ட் பிரேக்கப் போட்டேன், இறங்குனேன்."

அமாவாசை தலையைக் குனிந்துகொண்டார். பாண்டியராஜன் ஒரு அடி முன்னால் வந்தார்.

"எந்த ஹேண்ட் பிரேக்க மாப்ளே?"

"ஜீப்புல இருக்கிறதத்தான் மாமா."

"அதுல கம்பி மட்டுந்தான் மாப்ளே இருக்கு. ஒயரு அத்துப்போயி அஞ்சு வருசமாச்சு. இழுத்தா சும்மா கையோட வரும். நான்தான் மாத்த வேண்டாம்னு சொன்னேன்."

"மத்தியானம் நானும் இழுத்துப் பாத்தேன்" என்றாள் முத்துப்பிரியா. "அடியில பாத்தா ஒயரே கெடையாது. அந்த ஜீப்ப இறக்கத்துல ஒரு தடவை நிறுத்துனவருக்குக்கூட அது தெரிஞ்சிருக்கும். சரி, பின்ன ஜீப்பு எப்படி நின்னுச்சு? படத்தப் பெருசாக்கிப் பாருங்க. முன் சக்கரத்துக்குக் கல்லு குடுத்திருக்கு. ஜீப்புல வந்தவரு முதல்ல தன் வண்டிக்குக் கல்லு வச்சிருக்காரு. அப்புறம் ஓடி வந்து, மோரிசுக்கும் வைக்கிறாரு. அதத்தான் அண்ணன் படம் பிடிச்சிருக்காரு. இங்க மோரிஸ நிறுத்துனவரு கல்லத் தேடல, கொதிக்கிற பிரேக்க இழுத்து விட்டுட்டு இறங்கிட்டாரு. அதான் சக்கரம் ஒட்டிக்கிருச்சு. மலையில பழகுன கை அதச் செய்யாது. அடிவாரத்துல வளந்த உங்க கைக்கு அது தன்னால வருது. ஜீப்புல ஹேண்ட் பிரேக் போட்டேன்னு இப்பக்கூட வாய் தன்னால சொல்லுச்சே."

விஜயகுமார் மோரிஸின் கூரையில் கையை ஊன்றிக்கொண்டார். "நாளைக்குக் கண்காட்சியில நான் ஓட்டிட்டுப் போகணும்னு ஆசைப்பட்டேன் மாமா. இறங்கறப்ப ஒரு தடவை ஓட்டிப் பாப்போம்னு... முந்தலுக்குக் கீழ பிரேக் பிடிக்கல. அந்தாளு குறுக்க... நான் நிறுத்தணும்னுதான் நெனச்சேன். பயந்துட்டேன்."

"இடிச்சது பயத்துல. பொய் சொன்னது?" என்று கேட்டார் பாண்டியராஜன். கார்த்தியைப் பார்த்து, "நாலு மணிக்குப் போகணும்ல, வண்டியக் கொண்டா. மாப்பிள்ளைய நானே கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

போகுமுன் அவர் மோரிஸின் சாவியை எடுத்து அமாவாசையிடம் நீட்டினார். "நாளைக்கு நீதான் இத ஓட்டிக் காட்டணும். தப்பா நெனச்சுக்காதப்பா."

அமாவாசை கையை நீட்டவில்லை.

"இருபத்திரண்டு வருசம் முதலாளி. நான் ஓட்டலைன்னு உங்க கால்ல விழுகாத குறையாச் சொன்னேன். ஒரு வார்த்தை, இருக்குமோன்னு யோசிச்சிருக்கலாம். வேற ஆளப் பாத்துக்கங்க."

இவ்வளவு நேரம் அழுத்திக்கொண்டிருந்த பாரம் இறங்கும் என்று ஜெகதீஷ் நினைத்தார், இறங்கவில்லை. "மன்னிச்சிருப்பா" என்று அமாவாசையின் தோளைத் தொட்டார்.

அமாவாசை அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. சுற்றி நின்றவர்களைப் பார்த்து, "அந்த மலைச்சாமிக்கு இப்ப எப்படி இருக்கு? ஆப்ரேசன் முடிஞ்சதா?" என்று கேட்டார்.

பாண்டியராஜன் மருமகனைப் பார்த்தார். மருமகன் தரையைப் பார்த்தார். கார்த்தி உதட்டைப் பிதுக்கினான். ஜெகதீஷ் முத்துப்பிரியாவைப் பார்த்தார், அவளும் இல்லையென்று தலையை ஆட்டினாள். காலையிலிருந்து ஆளாளுக்குக் காரைப் பற்றியே பேசியிருந்தார்கள்.

"வா வல்லி, தேனிக்குப் போயிப் பாத்துட்டு வருவோம்" என்றார் அமாவாசை. இருவரும் பஸ்ஸைப் பிடிக்க நடந்தார்கள். கொஞ்ச நேரம் கழித்து, ஜெகதீஷும் அவர்கள் பின்னால் ஓடினார்.