காலை ஊன்றாதே

வேனிலிருந்து அவர்கள் இறங்கியதுமே எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. சிறுசேரி கம்பெனி ஆட்கள், எட்டுப் பேர். எல்லோருக்கும் ஒரே மஞ்சள் பனியன், முதுகில் 'புயல் படை' என்று அச்சடித்திருந்தது. புயலாம்! மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிற மூஞ்சிகள். அதில் ஒருவன் ஹெல்மெட்டை முன்பின் தெரியாமல் மாட்டிக்கொண்டு செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தான்.

நான் ஜெனிட்டா. செங்கல்பட்டில் பெண்களுக்கு ஸ்கூட்டி ஓட்டக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தவள். இப்போது சதுரங்கப்பட்டினம் போகிற வழியில், கடலை ஒட்டிய சவுக்குத் தோப்பில், ஏ.டி.வி. என்கிற நாலு சக்கர மணல் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுக்கிறேன். கற்றுக்கொடுக்க விட்டால்தானே!

முதலாளி கோதண்டராமன் முன்பு மனை விற்றுக்கொண்டிருந்தவர். ஏரிக்குள்ளேயே கல் நட்டு, 'ஏரியைப் பார்த்த மனை' என்று விற்ற புண்ணியவான். அவருக்குப் பயிற்சி என்றால் நேர விரயம்.

என் முதல் பாடம் ஒன்றுதான். காலை ஊன்றாதே. பைக் ஓட்டிப் பழகினவன், வண்டி கொஞ்சம் சாய்ந்தால் தன்னை அறியாமல் காலைத் தரையில் வைப்பான். இந்த வண்டியில் அப்படி வைத்தால் பின்சக்கரம் அந்தக் காலை இழுத்துக்கொண்டு மேலே ஏறும். விழுந்தாலும் பரவாயில்லை, கால் மிதிபலகையை விட்டு இறங்கக் கூடாது.

இவர்கள் வருவதற்கு இரண்டு மாதத்துக்கு முன் வேண்டா அப்படித்தான் செத்தாள்.

நாலாவதும் பெண்ணாகப் பிறந்ததால் வீட்டில் வைத்த பெயர் அது. எங்கள் தடத்து மணலைச் சமன் செய்கிற வேலை அவளுக்கு. சீப்பு மாதிரி இரும்புப் பல் வைத்த வாரியை இழுத்துக்கொண்டு, வாயில் அடக்கிய வெற்றிலை புகையிலையோடு காலையிலிருந்து நடப்பாள். நான் விடுப்பில் இருந்த ஒரு நாள், தோப்பு வளைவில், அவள் ஊன்றிய இடது காலை இழுத்துக்கொண்டு வண்டி அவள் மேலேயே கவிழ்ந்துவிட்டது.

"கேக்காம வண்டிய எடுத்துகினு போய்ட்டா சார். திருட்டுப் புத்தி," என்று கோதண்டராமன் போலீஸில் சொல்லிவிட்டார். அவ்வளவுதான். அவள் புருஷன் சடையப்பன் டீக்கடைக்குப் போனால், 'வண்டி திருடி புருஷன்' என்று காதுபடப் பேசினார்கள். என் தண்ணீர் பாட்டிலைக்கூடக் கேட்காமல் தொடாதவள் அவள். அவளா திருடி? ஆனால் அன்று தோப்பில் இருந்தது அவரும் அவளும் மட்டும். செத்தவள் வந்து சாட்சி சொல்வாளா?

"காலை ஊன்றக் கூடாது. ஏன்னா…" என்று நான் அன்றைக்கு ஆரம்பித்ததுமே கோதண்டராமன் கை தட்டினார்.

"போதும் ஜெனிட்டா! வெளிச்சம் போய்கினு கீது. அவங்க போட்டோ எடுக்க வாணாமா? இன்னா பெரிய ஏரோப்ளேனா ஓட்டப் போறாங்க?"

புயல் படை கைகொட்டிச் சிரித்தது. ஃபைஸா என்ற ஒல்லிப் பெண் மட்டும் சிரிக்கவில்லை. "அக்கா, மிச்சத்தையும் சொல்லுங்களேன்," என்றாள். அதற்குள் வண்டிகள் உறும ஆரம்பித்துவிட்டன.

வரிசையில் முதலாக, ஹெல்மெட் போடாமல், கூலிங் கிளாஸோடு கோதண்டராமன் போனார். கடைசியில் நான். எனக்கு முன்னால் ஃபைஸா.

தோப்புக்குள் நுழைந்ததும் வெளிச்சம் பாதியாகக் குறைந்தது. சவுக்கு மரங்கள் காற்றில் இரைந்துகொண்டே இருந்தன. பெட்ரோல் புகையையும் மக்கிய சருகு வாடையையும் தாண்டி இன்னொரு வாசனை வந்தது. வெற்றிலையும் புகையிலையும். அந்தக் கூட்டத்தில் வெற்றிலை போடுகிற முகம் ஒன்றுகூட இல்லை.

வளைவு வந்தது. ஃபைஸாவின் வண்டி மண்மேட்டில் ஏறி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. அவள் பதறினாள். இடது கால் கீழே இறங்கியது.

"கால தூக்கு!" என்று கத்தினேன்.

கால் மணலைத் தொடவில்லை. நடுவிலேயே நின்றது. பிறகு, கீழேயிருந்து யாரோ குதிகாலைத் தாங்கி ஏற்றுவது போல, மெல்ல மேலே போய் மிதிபலகையில் உட்கார்ந்தது.

வண்டி தானாக நேரானது.

நான் இறங்கி ஓடி, அவள் எஞ்சினை அணைத்தேன். முன்னால் போனவர்களும் நிறுத்திவிட்டார்கள். திடீரென்று தோப்பே அமைதியானது.

சர்… சர்… சர்…

மணலில் வாரி இழுக்கிற சத்தம். மிகப் பக்கத்தில்.

"அக்கா," ஃபைஸா கிசுகிசுத்தாள். "கீழ யாரோ இருக்காங்க."

அவளுடைய வெள்ளை ஷூவின் குதிகாலில் ஈர மணல் ஒட்டியிருந்தது.

ஐந்து விரல்.

தடத்தின் ஓரமாக, புதிதாகச் சீவிய மணலில், வெறுங்கால் சுவடுகள் போயின. எல்லாமே வலது கால். ஒன்றன் பின் ஒன்றாக வலது கால் மட்டும்.

கோதண்டராமன் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்தார். "இன்னா கூத்து இது? வண்டிய ஏன் நிறுத்தின?"

நான் சுவடுகளைக் காட்டினேன். அவர் கண் ஒரு கணம் அங்கே ஒட்டிக்கொண்டது. பிறகு சிரித்தார். "எவனாவது நொண்டியடிச்சிகினு போயிருப்பான்."

"வேண்டா சார் அது."

"அந்தத் திருடி பேர எடுக்காத!" எட்டுப் பேர் முன்னால், அவள் செத்த அதே இடத்தில் நின்று, கூசாமல் சொன்னார். "கேக்காம வண்டிய எடுத்தா, செத்தா. நான் இன்னா பண்றது?"

வாரியின் சத்தம் நின்றது.

கோதண்டராமன் வண்டியைக் கிளப்பினார். அங்கே மேடு இல்லை, பள்ளம் இல்லை. சமதரை. ஆனால் அவருடைய இடது கால் மிதிபலகையை விட்டு இறங்கத் தொடங்கியது.

அவர் இறக்கவில்லை. ஹேண்டில்பாரை விட்டுவிட்டு, இரண்டு கையாலும் முழங்காலைப் பிடித்து மேலே இழுத்துக்கொண்டிருந்தார்.

கால் இறங்கிக்கொண்டே போனது.

ஆக்ஸிலரேட்டரில் யார் விரலும் இல்லை.

வண்டி போய்க்கொண்டிருந்தது.

"வேண்டா! வேண்டா!" என்று அலறினார்.

எங்கள் பக்கத்து ஆள் பயந்தால் 'வாணாம்' என்றுதான் கத்துவான். கோதண்டராமன் வாயிலும் 'வாணாம்' தவிர வேறு வந்ததில்லை. அவர் மறுத்துக் கத்தவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"வேண்டா, வுட்ரும்மா! நாந்தான் எடுக்கச் சொன்னேன்! ஓட்டத் தெரியாதுன்னு நீ சொன்ன… மொபெட்டு ஓட்றல்ல, ஏறுடின்னு நாந்தான் சொன்னேன்! நாந்தான்!"

பின்சக்கரம் அவர் காலைப் பிடித்தது. எலும்பு முறிந்த சத்தம் கடைசியில் நின்ற எனக்கும் கேட்டது. அதோடு எஞ்சினும் அணைந்தது.

புயல் படை கைப்பேசிகளை நீட்டியபடி உறைந்து நின்றது. பிறந்ததிலிருந்து முதல்முறையாக அந்தக் கைப்பேசிகள் உருப்படியான ஒன்றைப் பிடித்திருந்தன.

கேஸ் நடக்கிறது. கோதண்டராமன் கட்டோடு கட்டிலில் கிடக்கிறார், பக்கத்தில் ஆள் இல்லாமல் தூங்க மாட்டேன் என்கிறாராம். பாவம் பார்க்க என்னால் முடியவில்லை. சடையப்பன் இப்போது டீக்கடைப் பெஞ்சில் எல்லோரோடும் உட்கார்ந்து டீ குடிக்கிறான். அந்த வீடியோவைப் பார்க்காத ஆள் ஊரில் இல்லை.

இடத்தை அவருடைய மச்சினன் நடத்துகிறான். பயிற்சியில் அவன் வாயே திறப்பதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இன்னொரு கூட்டம் வந்தது. காலேஜ் பிள்ளைகள். ஒருத்தன் கொட்டாவி விட்டான், ஒருத்தி உதட்டுச் சாயம் சரிசெய்தாள். வெயில் மண்டையைப் பிளந்தது. இதுகளுக்கு இவ்வளவு போதும் என்று தோன்ற, பாடத்தைப் பாதியில் முடித்து, "சரி, வண்டியில ஏறுங்க," என்றேன்.

முன்வரிசையில் இருந்த பையன் கை தூக்கினான்.

"மேடம், அந்த அக்காவ உக்காரச் சொல்லுங்களேன். எவ்ளோ நேரமா ஒத்தக் கால்ல நிக்கிறாங்க."

"எந்த அக்கா?"

"உங்க பின்னாடிதான். கையில இன்னாவோ சீப்பு மாதிரி வெச்சிகினு."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. வெற்றிலை வாசனை என் தோளுக்குப் பக்கத்தில் வந்தது. அந்தச் சுடுமணலில் நின்றிருந்த என் இடது கணுக்காலை, குளிர்ந்த ஈர விரல்கள் ஒவ்வொன்றாகச் சுற்றிக்கொண்டன.

"யாரும் ஏற வாணாம்," என்றேன். "உக்காருங்க. முதல்லேந்து சொல்றேன்."