சுவரில் நின்ற சூடு

அக்காவின் புது வீட்டைப் பார்க்கப் போன அன்று எங்களுக்குத் தலைகால் புரியவில்லை. வாடகை வீட்டைக் காலிசெய்து, சாமான்களை லாரியில் ஏற்றி, அந்த லாரியைக் கீழே வாசலில் நிறுத்திவிட்டுத்தான் படியேறினோம். வீட்டைச் சோதித்துப் பார்த்ததும் சாவியை வாங்கிக்கொண்டு, அன்றைக்கே குடிபுகுந்துவிடலாம் என்பது அத்தானின் திட்டம். முதலில் பார்ப்போம், பிறகு காலி செய்வோம் என்று நான் சொன்னேன். பஸ் ஓட்டுகிற மச்சினன் சொல்வதை வீடு வாங்குகிற அத்தான் எங்கே காதில் போட்டுக்கொள்ளப்போகிறார்.

நாலாவது மாடி. கட்டிடத்தில் வேறு யாரும் குடிவரவில்லை. லிப்டுக்குள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாளைக்கூட இன்னும் உரிக்கவில்லை. வீடு முழுக்க பெயிண்ட் வாசனை, அதற்கு அடியில் ஈர சிமெண்ட் வாசனை. நாங்கள் பேசியது ஒவ்வொரு அறைக்குள்ளும் போய்விட்டுக் கொஞ்சம் தாமதமாகத் திரும்பி வந்தது.

அக்காவின் மகளை நாங்கள் வாலு என்றுதான் கூப்பிடுவோம். ஆறு வயது. பள்ளிக்கூடத்தில் வேறொரு பெயர் இருக்கிறது, ஆனால் அதைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவளே பேசாமல் இருந்துவிடுவாள். தூக்கத்தில் மட்டும்தான் அவள் வாய் ஓயும். அக்கா பல வருடம் ஏங்கி, ஏறாத ஆஸ்பத்திரி எல்லாம் ஏறிப் பெற்ற பிள்ளை. அதனால் அவள் என்ன செய்தாலும் எங்கள் வீட்டில் அது அழகுதான்.

வீட்டைச் சோதிக்க ஒருவரை அத்தான் வரவழைத்திருந்தார். ஒல்லியான மனிதர், அதிகம் பேசமாட்டார். கையில் ஒரு கேமரா. சாதாரணக் கேமரா இல்லை, சூட்டைப் பார்க்கிற கேமரா. சூடாக இருப்பது அதன் திரையில் ஆரஞ்சு நிறமாகத் தெரியும், குளிர்ந்திருப்பது நீலமாகத் தெரியும். பூசிய சுவருக்குள் எங்காவது தண்ணீர் கசிந்தால் அந்த இடம் மட்டும் நீலமாகக் காட்டிக்கொடுத்துவிடும் என்றார்.

வாலு அவர் காலைச் சுற்றிச் சுற்றி வந்து ஆயிரம் கேள்வி கேட்டாள். மனிதர் பொறுத்துப் பார்த்தார். பிறகு அவளுடைய கையைப் பிடித்துக் கூடத்துச் சுவரில் வைத்து, "கொஞ்ச நேரம் அப்படியே அழுத்திப் பிடி பாப்பா" என்றார். கையை எடுக்கச் சொன்னார். வெறும் கண்ணுக்குச் சுவர் சுவராகத்தான் இருந்தது. திரையில் மட்டும் அஞ்சு விரலோடு ஓர் ஆரஞ்சுக் கை தெரிந்தது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓரத்திலிருந்து மங்கி மறைந்தது.

அவ்வளவுதான், வாலுவைப் பிடிக்க முடியவில்லை. போகிற அறையில் எல்லாம் கையை வைத்தாள், காலை வைத்தாள், மூக்கை வைத்தாள். கேமராக்காரர் பாவம், ஈரத்தைத் தேடுவதா இவளுடைய மூக்கைப் படம்பிடிப்பதா என்று திண்டாடினார். கூடமும் சமையலறையும் பெரிய அறையும் பழுதில்லை என்றார்.

கடைசியில் சின்ன அறை. வாலுவுக்கென்று ஒதுக்கியது.

ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில், தரையை ஒட்டி, கருநீலமாக ஒரு திட்டு தெரிந்தது. கேமராக்காரர் குனிந்து ஈரம் பார்க்கும் கருவியைச் சுவரில் வைத்தார். ஈரம் இருந்தால் அது கத்த வேண்டும். கத்தவில்லை. சுவரைத் தட்டிப் பார்த்தார். கெட்டியான சத்தம்.

"குழாய் ஏதாவது போகுதோ?" என்றார் அத்தான்.

"குழாயும் இல்ல, ஈரமும் இல்ல. இது வெளிச்சுவர். அந்தப் பக்கம் வெறும் காத்துதான். அதுவும் வெயில் அடிக்கிற பக்கம். சூடாத்தான் இருக்கணும்."

நானும் எட்டிப் பார்த்தேன். முழங்காலைக் கட்டிக்கொண்டு யாரோ உட்கார்ந்திருக்கிற மாதிரி எனக்குப் பட்டது. சொன்னால் அத்தான் கேலி செய்வார் என்று வாயை மூடிக்கொண்டேன்.

"மாமா, இங்க குளுகுளுன்னு இருக்கு" என்று வாலு ஓடிப்போய் அந்த இடத்தில் ஒட்டிக்கொண்டாள். கையை விரித்து, வயிறு, கன்னம் எல்லாம் சுவரில் பதிய நின்றாள். மற்ற அறைகளில் நொடிக்கு ஒருமுறை "எடுக்கட்டா, எடுக்கட்டா" என்று கத்தியவள் இங்கே கத்தவில்லை.

"போதும், வாடி" என்றாள் அக்கா.

அவள் அசையவில்லை. அன்றைக்கு முதல்முறையாக வீடு அமைதியாக இருந்தது.

அக்கா தோளைத் தொட்டதும் வாலு சுவரை விட்டு விலகி, எங்களுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள். கேமராக்காரர் திரையைக் காட்டினார். விரித்த கை, ஒரு பக்கம் சாய்ந்த தலை, தலைமேல் தூக்கிக் கட்டிய குடுமி எல்லாம் அச்சு அசலாகச் சுவரில் இருந்தன. அத்தான் பெருமையாகச் சிரித்தார். மறைவதற்காகக் காத்திருந்தோம்.

மறையவில்லை.

"எவ்வளவு நேரம் இருக்கும் இது?" என்று அக்கா கேட்டாள்.

"ஒரு நிமிஷம். அதுக்கு மேல நிக்காது" என்றார் கேமராக்காரர். அவர் குரல் அவருக்கே கேட்டிருக்காது.

ஆரஞ்சு நிறம் மங்குவதற்குப் பதிலாகச் சிவந்துகொண்டே வந்தது. அந்தக் கருநீலத் திட்டு அங்கே இல்லை.

பிறகு அந்த உருவம் விரித்திருந்த கையை மெல்லக் கீழே இறக்கியது.

கேமராக்காரர் பின்னால் நகர்ந்தபோது கேமரா எங்கள் பக்கம் திரும்பிவிட்டது. திரையில் அக்கா ஆரஞ்சாக நின்றாள். அத்தான் ஆரஞ்சாக நின்றார். அக்காவின் விரலைப் பிடித்துக்கொண்டு, அவள் இடுப்பு உயரத்துக்கு, கருநீலமாக ஒன்று நின்றது.

"அம்மா, போகலாமா?" என்றாள் வாலு.

அக்கா அவள் கையைத் தொட்டாள். கன்னத்தைத் தொட்டாள். சட்டைக்குள் கையை விட்டு முதுகைத் தொட்டாள்.

"ஐஸ் மாதிரி இருக்காடா" என்று என்னைப் பார்த்துக் கிசுகிசுத்தாள்.

"சீக்கிரம் வெளிய போகலாம்மா. எனக்கு இங்க வேணாம்."

அதே முகம், அதே குரல். ஆனால் எங்கள் வாலு எதையும் அப்படிக் கெஞ்சிக் கேட்டதே கிடையாது. அடம்பிடித்துத்தான் கேட்பாள்.

அக்காவுக்கு என்ன புரிந்ததோ, அவளைத் தூக்கிக்கொண்டுபோய் அந்தச் சுவரில் வைத்து அழுத்தினாள். பிள்ளை வீறிட்டது. கையையும் காலையும் உதைத்துக்கொண்டு, "அம்மா வேணாம்மா, உள்ள போகமாட்டேன், அங்க இருட்டா இருக்கும்மா" என்று கதறியது. கண்ணீர் கொட்டியது. மூக்கு ஒழுகியது. அக்காவால் முடியவில்லை. அவளைக் கீழே விட்டுவிட்டு அங்கேயே மடிந்து உட்கார்ந்தாள்.

அத்தான் கூடத்தில் கிடந்த சுத்தியலை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். கேமராக்காரர் குறுக்கே நின்றார்.

"உடைக்காதீங்க. உடைச்சா அந்தப் பக்கம் காத்து. சூடு போயிடும்."

அவர் சொன்ன பிறகுதான் திரையைப் பார்த்தோம். உருவம் ஓரத்திலிருந்து மங்கத் தொடங்கியிருந்தது. முதலில் விரல் நுனிகள். பிறகு குடுமி.

அக்கா எழுந்து சுவரைக் கட்டிக்கொண்டாள். வாலு நின்ற மாதிரியே, கன்னமும் வயிறும் பதிய, கையை விரித்துக்கொண்டு நின்றாள். நேரம் போயிற்று. கேமராக்காரர் அவளை நகரச் சொல்லிவிட்டுப் பார்த்தார். உருவம் திரும்பச் சிவந்திருந்தது.

"உடம்புச் சூடு கொடுத்தா நிக்குது" என்றார். "கொடுக்கலைன்னா..."

அன்றைக்கே லாரியிலிருந்து சாமான்களை இறக்கினோம். வேறு என்ன செய்ய. கேமராக்காரர் கேமராவை எங்களிடமே விட்டுவிட்டுப் போனார். அதை வாங்கிக்கொள்ள அவர் வரவே இல்லை. போனையும் எடுப்பதில்லை.

அதன்பிறகு எங்கள் பிழைப்பு அந்தச் சுவரோடுதான். ஒருவர் சாய்ந்திருந்தால் மற்ற இருவர் சாப்பிடுவது, தூங்குவது. அத்தான் வேலைக்குப் போவதை நிறுத்தினார். நானும் லீவு போட்டேன். வெந்நீர்ப் பை வைத்துப் பார்த்தோம், இஸ்திரிப் பெட்டியைச் சூடாக்கித் துணி சுற்றி வைத்துப் பார்த்தோம். அதையெல்லாம் சுவர் வாங்கிக்கொள்ளவில்லை. ஆள்தான் வேண்டும். சாய்ந்து எழுந்தால் பல் தந்தியடிக்கும். போர்த்திக்கொண்டு வெயிலில் நிற்போம்.

சாய்ந்திருக்கும்போது சில நேரம் முதுகில் ஏதோ படும். சின்ன விரல் ஒன்று தடவிப் பார்க்கிற மாதிரி. அக்கா அப்போதெல்லாம் கதை சொல்வாள், அதட்டுவாள், "அம்மா இங்கதான்டி இருக்கேன்" என்பாள். சுவருக்குச் சொல்கிறாள் என்று பார்க்கிறவர்களுக்குத் தோன்றும். பார்க்க யாரும் வரவில்லை.

மற்றவள் கூடத்தில் இருந்தாள். பேச்சே கிடையாது. பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தெருவையே பார்த்துக்கொண்டிருப்பாள். கொடுத்ததைச் சாப்பிடுவாள், மிச்சம் வைக்கமாட்டாள். டாக்டரிடம் கூட்டிப்போனோம். அவர் அவள் வாயில் தெர்மாமீட்டரை வைத்துப் பார்த்து, உதறி மறுபடியும் வைத்துப் பார்த்து, "இது கெட்டுப்போச்சு போல" என்று தெர்மாமீட்டரைக் குப்பையில் போட்டார். சத்து மாத்திரை எழுதிக் கொடுத்தார்.

இவள் பக்கத்தில் வந்தால் நான் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவேன். அத்தான் இவள் இருக்கும் பக்கம் திரும்பவே மாட்டார். அக்கா மட்டும் தலைவாரிவிட்டாள், ஊட்டிவிட்டாள். எப்படி மனசு வருகிறது என்று கேட்டேன்.

"இதுவும் யாரோ பெத்ததுதானேடா" என்றாள்.

நாளாக ஆக அக்கா துரும்பாக இளைத்துப்போனாள். தன் முறை முடிந்தாலும் சுவரை விட்டு எழமாட்டாள். ஒருநாள் மதியம் அவள் உதடு நீலம்பாரித்திருந்ததைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. கையைப் பிடித்து இழுத்து எழுப்பினேன்.

"நீ செத்துப்போனா அவளுக்கு யாரு இருக்கா? போய்ப் படு. நான் இருக்கேன்ல."

"தூங்கிடமாட்டியே?"

"ராத்திரி பூரா பஸ் ஓட்டுறவன் நான். பட்டப்பகல்ல தூங்குவேனா?"

அவள் அதே அறையில் தரையில் படுத்தாள். படுத்த உடனே தூங்கிப்போனாள். அத்தான் பெரிய அறையில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நான் சாய்ந்து உட்கார்ந்தேன். முதுகில் வாலுவின் சூடு இருந்தது. பஸ்ஸில் என் சீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு என் முதுகில் சாய்ந்தபடி பாட்டுப் பாடிக்கொண்டே வருவாளே, அதே சூடு. கண்ணை ஒரு நொடி மூடினேன்.

விழித்தபோது வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது.

நான் சரிந்து தரையில் கிடந்தேன்.

என் இடத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். முதுகைச் சுவரில் நன்றாக அழுத்தி, முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அவளைத் தள்ளிவிட்டுச் சுவரில் கையை வைத்தேன். மேலே வைத்தேன், கீழே வைத்தேன், இரண்டு கையாலும் தேய்த்தேன். சுவர் வெறும் சுவராக இருந்தது. கேமராவை எடுத்தேன். சுவர் முழுக்க ஒரே நிறம்.

"மாமா" என்று என் கையைப் பிடித்தாள்.

அவள் கை சூடாக இருந்தது. உள்ளங்கை வியர்த்துப் பிசுபிசுத்தது. திரையில் ஆரஞ்சாக ஜொலித்தாள்.

"மாமா, உங்க பஸ்ஸுல போகலாமா? முன்னாடி சீட்டு எனக்கு. ஜன்னலும் எனக்கு. நான்தான் ஹாரன் அடிப்பேன். நீங்க அடிக்கக் கூடாது" என்று மூச்சுவிடாமல் பேசினாள். வாலுவின் பேச்சு. அந்த அடம், அந்த ராகம் எல்லாம் அப்படியே இருந்தன.

அக்கா எழுந்து உட்கார்ந்தாள். என்னைப் பார்த்தாள், கேமராவைப் பார்த்தாள், பிள்ளையைப் பார்த்தாள். தவழ்ந்து வந்து அவள் கன்னத்தைத் தொட்டாள். அப்புறம் அந்த வீடே அதிர்கிற மாதிரி ஓர் அழுகை. "வந்துட்டியாடி, என் தங்கமே, வந்துட்டியா" என்று அவளை வாரி எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அத்தான் ஓடிவந்தார். சூடு அவர் கைக்குத் தெரிந்ததும் அந்த ஆறடி மனிதர் தரையில் உட்கார்ந்து தலையில் அடித்துக்கொண்டு அழுதார், அழுதுகொண்டே சிரித்தார்.

வந்துவிட்டாள், கொடுத்ததெல்லாம் போதும் என்று சுவர் திருப்பிக் கொடுத்துவிட்டது என்று நானும் நம்பத்தான் பார்த்தேன். கடவுளே, எவ்வளவு நம்பப் பார்த்தேன்.

அக்காவின் தோளில் முகவாயை வைத்துக்கொண்டிருந்தவள் என்னைப் பார்த்துக் கையை நீட்டினாள். பக்கத்தில் போனேன். என் காதில் வாயை வைத்தாள். மூச்சு வெதுவெதுப்பாக இருந்தது.

"உள்ள அவ அழவே இல்ல மாமா."

அவள் மறுபடியும் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

"என்னடா சொல்றா உன் மருமக?" என்றாள் அக்கா. கண்ணீரைத் துடைக்கக்கூட மறந்து சிரித்துக்கொண்டிருந்தாள். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் சிரித்து நான் பார்க்கவில்லை.

நான் அந்த முகத்தைப் பார்த்தேன்.

"பசிக்குதாம்" என்றேன்.