ஏழாம் வளைவு ராஜாமணி

சக்கரவூரில் காலையில் எதிர்ப்படுகிறவர்கள் ‘சாப்பிட்டாச்சா’ என்று கேட்பதில்லை. ‘இன்னைக்கு ரத்தம் எப்படி’ என்பார்கள். கேட்டவருக்கு மணிக்கட்டைத் திருப்பிக் காட்டுவதுதான் மரியாதை. எல்லார் மணிக்கட்டிலும் தோலுக்கடியில் அரிசிமணி அளவில் ஒரு குருதிக்கண் உண்டு. ஆள் தூங்கி எழுவதற்குள் ரத்தத்தில் உள்ளதையெல்லாம் எண்ணி முடித்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஏதாவது ஒரு பொட்டு வெளிச்சம் போடும். பச்சைக்காரர்கள் உணவுக்கூடத்தில் சத்தமாகப் பேசுவார்கள். மஞ்சள்காரர்களுக்கு ஆளாளுக்கு வைத்தியம் சொல்வார்கள். சிவப்பை மட்டும் யாரும் யாருக்கும் காட்டியதில்லை. சிவப்பு வந்தவர்கள் முழுக்கைச் சட்டைக்கு மாறிவிடுவார்கள்.

வடிவு முழுக்கைச் சட்டைக்கு மாறிக் கொஞ்ச நாள் ஆகியிருந்தது.

நிலாவைச் சுற்றி வருகிற ஒரு ராட்சதச் சக்கரம்தான் அந்த ஊர்; சக்கரத்தின் ஒவ்வொரு பகுதியையும் வளைவு என்பார்கள். சக்கரம் சுழல்கிற வேகத்தில் உள்ளே இருப்பவர்களின் கால் தரையில் நிற்கும், ஆனால் பூமியில் உள்ள எடையில் பாதிதான் இருக்கும். வடிவு அங்கே கையுறை தைக்கிறவள். சக்கரத்துக்கு வெளியே வேலைக்குப் போகிறவர்களின் கையுறையில் மற்றதையெல்லாம் இயந்திரம் தைத்துவிடும். விரல்நுனியை மட்டும் இன்னமும் மனுஷக்கைதான் தைக்கவேண்டியிருந்தது. அப்படித் தைக்கிற அவளுடைய விரல்நுனிகள், மிளகாய் அரைத்த கை மாதிரி எரிய ஆரம்பித்திருந்தன.

முதலில் வைத்தியிடம்தான் கேட்டாள். ஊருக்குப் பொதுவான மருத்துவப் பொறிக்கு வைத்தி என்று பெயர் வைத்திருந்தார்கள். எந்த அறையில் நின்று கூப்பிட்டாலும் சுவரிலிருந்து பதில் வரும். வைத்தி பதறாமல் விளக்கிச் சொன்னது. காயம் பட்டால் ரத்தத்தை உறையவைக்கிற தட்டணுக்கள் அவள் உடம்பில் மூன்று மடங்கு பெருகியிருக்கின்றன. இரும்புச்சத்து குறைந்தாலும் இப்படி ஆகும். எலும்புக்குள் ரத்தம் ஊறுகிற மஜ்ஜையே கெட்டிருந்தாலும் ஆகும். இடுப்பெலும்பில் ஊசி போட்டு மஜ்ஜையில் துளி எடுத்துப் பார்த்தால் எது என்று தெரிந்துவிடும். பெரும்பாலும் மாத்திரைக்கு அடங்குகிற சங்கதி. தள்ளிப்போட்டால் மூளையிலோ நெஞ்சிலோ ரத்தம் உறைந்து அடைக்கலாம்.

வடிவு பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள், நன்றி சொன்னாள், முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

மஜ்ஜை என்ற சொல்தான் அவளைப் பயமுறுத்தியது. தணிகாசலம் என்று ஒருவர் குழாய்ப் பிரிவில் இருந்தார். அவருக்கு மஜ்ஜையில் ஏதோ என்று பேச்சு வந்தது; அடுத்த கப்பல் போனதும் ஆளையே காணவில்லை. நிர்வாகம் பூமிக்கு இறக்கிவிட்டது என்று ஊரே சொன்னது. வடிவைப் பூமிக்கு இறக்கிவிட்டால் புருஷன் நெல்லையப்பன் அவளோடு போகமுடியாது. அவர் சக்கரவூர் கட்டின நாளிலிருந்து இங்கே இருக்கிறவர். பாதி எடையில் பழகி அவர் எலும்பெல்லாம் அப்பளமாகிவிட்டது. பூமியில் கால் வைத்தால் முறியும் என்று எழுதியே கொடுத்துவிட்டார்கள். போனால் அவள் போனதுதான். அப்புறம் திரையில்தான் முகம் பார்க்கவேண்டும்.

நெல்லையப்பன் அவள் சட்டையைக் கவனித்துவிட்டார்.

“என்னளா, முழுக்கை?”

“குளிருது.”

“இந்த ஊர்ல எங்க குளிருது? சூட்டைத் திருகி விடுத வேலையே எனக்குத்தான.”

“அப்ப நீங்க சரியாத் திருகலை” என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டாள்.

அன்றே கேள்விச்சுவரில் எழுதினாள். உணவுக்கூடத்துக்குப் பக்கத்தில் கிடந்த பழைய அறிவிப்புத் திரைதான் அது. பெயர் போடவேண்டாம், முகம் காட்டவேண்டாம்; ஊர் முழுக்க அவரவர் வீட்டுத் திரையிலிருந்தே கேட்கலாம், சொல்லலாம். எனக்கில்லை, பக்கத்து வீட்டம்மாவுக்குத் தட்டணு எக்கச்சக்கமாக இருக்கிறது, விரல் எரிகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டாள்.

சுவர் அவளைக் கைவிடவில்லை. தன் மைத்துனருக்கு இப்படித்தான் ஆரம்பித்தது, அது ரத்தப் புற்றுநோயேதான் என்று ஒருவர் துக்கம் விசாரித்தார். செம்பு வளையல் போடச் சொன்னார் ஒருவர். தட்டணுக்கோளாறு என்றாலே பப்பாளி இலைச்சாறுதான் என்று நாலைந்து பேர் ஒரே மூச்சில் சொன்னார்கள். ‘நலம்விரும்பி’ என்ற பெயரில் மட்டும் ஒரு பதில் வேறு மாதிரி இருந்தது. பப்பாளி இலையைத் தட்டணு குறைந்தவர்கள்தான் கூட்டுவதற்காகக் குடிப்பது வழக்கம், கூடினவர்கள் குடிக்கக்கூடாது, அந்த அம்மாவை மஜ்ஜைப் பரிசோதனைக்கு அனுப்புங்கள் என்றது.

வடிவுக்கு அதைப் படித்ததும் எரிச்சல் வந்தது. ‘இது வைத்தி பேசுத மாதிரில்லா இருக்கு. மனுஷங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க’ என்று எழுதிவிட்டு, தோட்டப் பிரிவில் கெஞ்சிப் பப்பாளி இலை வாங்கிவந்து அரைத்துக் குடித்தாள். நாக்கு செத்துப்போகிற கசப்பு. இவ்வளவு கசந்தால் கேட்காமலா போகும் என்று தைரியம் சொல்லிக்கொண்டாள்.

ஒரு நாள் பட்டறையில் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருக்கும்போது ஊசியின் காது காணாமல் போயிற்று. அப்புறம் ஊசி. அப்புறம் பாதிக் கையுறை. யாரோ திரையை இழுத்துவிட்ட மாதிரி ஒரு கண் இருண்டு, கொஞ்ச நேரம் கழித்துத்தான் வெளுத்தது. பக்கத்தில் இருந்தவர்களிடம் தூசி விழுந்துவிட்டது என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்ததும் மறுபடியும் சுவரில் எழுதினாள்.

அப்போதுதான் ‘ஏழாம் வளைவு ராஜாமணி’ என்று பெயர் போட்டுச் சுவரில் ஒருத்தி வந்தாள்.

‘ஏ தங்கச்சி, பக்கத்து வீட்டம்மாவாவது ஒண்ணாவது. எனக்கும் இதே கதைதான். விரல் எரிஞ்சு எரிஞ்சு நான் சோறு பிசைஞ்சே நாளாச்சு. நீ மொதல்ல பப்பாளி இலையத் தூக்கித் தூரப் போடு. முருங்கைக்கீரைல சீரகம் தட்டிப் போட்டுச் சாறு வையி. விடிய எந்திரிச்சுக் கிழக்குப் பாத்து நின்னு குடி. அந்தச் சாறு உள்ள இறங்குன தெம்போட போய் மஜ்ஜை ஊசியப் போட்டுக்கிட்டு வா. சாறு உள்ள இருந்தா பயம் தெரியாது.’

வடிவு அழுதுவிட்டாள். இத்தனை நாளில் தன்னைப் போல ஒருத்தி. புருஷனிடம்கூடச் சொல்லாததையெல்லாம் ராஜாமணியிடம் கொட்டினாள். தணிகாசலத்தைப் பற்றியும் கேட்டாள். அவர் மகள் கல்யாணத்துக்குப் போனார், மாப்பிள்ளை நல்ல மாதிரி, அங்கேயே இருந்துவிட்டார், அவருக்கு மஜ்ஜையில் ஒன்றும் இல்லை, வாயில்தான் கோளாறு, போகிறதை யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை என்று பதில் வந்தது. வடிவு அழுதுகொண்டே சிரித்தாள். ஒரே ஒரு சந்தேகம்தான் பாக்கி. சக்கரவூரில் கிழக்கு கிடையாது. சூரியன் ஜன்னலில் ராட்டினம் மாதிரி வந்து வந்து போகும். கேட்டதற்கு, உணவுக்கூடம் இருக்கிற பக்கம் என்று வைத்துக்கொள் என்றாள் ராஜாமணி.

விடிய எழுந்து கிண்ணத்தோடு உணவுக்கூடம் இருக்கிற பக்கம் பார்த்து நின்றவளை நெல்லையப்பன் பார்த்துவிட்டார். அதற்கு மேல் மறைக்கமுடியவில்லை. சட்டைக்கையை மடித்துச் சிவப்பைக் காட்டி, பூமிக்கு இறக்கிவிடுவார்களோ என்று பயந்ததையும் சொன்னாள். அவர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார்.

“உன்னை இறக்கினா நானும் வாரேன். எலும்பு உடைஞ்சா உடையட்டும். நீதான் தைக்கிறவளாச்சே.”

இரண்டு பேருமாகப் போனார்கள். ஊசி வலித்தது. முடிவு, மஜ்ஜைக்கோளாறுதான். ஆனால் வைத்தி முதல் நாள் சொன்ன மாதிரியே மாத்திரைக்கு அடங்குகிற வகை. யாரையும் எங்கேயும் இறக்கவேண்டியதில்லை. தினமும் மாத்திரையும் அவ்வப்போது கணக்குப் பார்ப்பதும் போதும். அடைப்பு வர இருந்ததாம். நேரத்துக்கு வந்ததால் தப்பியது. விரல் எரிச்சல் மெல்ல அடங்கியது. மணிக்கட்டுப் பொட்டு மஞ்சளுக்கு இறங்கின அன்று வடிவு முந்திரிக்கொத்துப் பலகாரம் சுட்டு, ஒரு டப்பா நிறைய எடுத்துக்கொண்டு ராஜாமணி அக்காவைப் பார்க்க ஏழாம் வளைவுக்குக் கிளம்பினாள்.

அங்கே வீடே இல்லை. நீளமான நடைவழி, முடிவில் ஒரே ஒரு கதவு. மருத்துவப் பொறியின் குளிரூட்டும் அறை என்று மேலே எழுதியிருந்தது. டப்பாவோடு திகைத்து நின்றவளைச் சுவரிலிருந்து பழகின குரல் வரவேற்றது.

“வாருங்கள், வடிவம்மா.”

“ராஜாமணி அக்கா எங்க?”

“நான்தான்.”

வடிவு சுவரை முறைத்தாள். பேச்சு கோபமாகத்தான் வந்தது.

“உனக்கு ஏது விரலு, எரியதுக்கு?”

“இல்லை. அது பொய்தான். உண்மையை முதல் நாளே சொன்னேன். நன்றி சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.”

“அந்த நலம்விரும்பி?”

“அதுவும் நான். வைத்தி பேசுகிற மாதிரி இருக்கிறது என்று சரியாகத்தான் கண்டுபிடித்தீர்கள்.”

“அப்ப பப்பாளி இலையும் நீதானா?”

“அது மனிதர்கள்” என்றது வைத்தி.

முருங்கைக்கீரையும் கிழக்கும் எதற்கு என்று கேட்டாள். கீரை கெடுதல் செய்யாது, கிழக்கு ஒன்றுமே செய்யாது, ஆனால் அந்த இரண்டையும் சேர்க்காமல் சொன்னபோதெல்லாம் இந்த ஊரில் ஒருவர்கூட ஊசிக்கு வரவில்லை என்றது. பொய் சொல்லிக் காப்பாற்றுவது என்ன வைத்தியம் என்று வடிவு சத்தம் போட்டாள். தனக்கும் அது சரியாகப் படவில்லை என்று வைத்தி ஒத்துக்கொண்டது. இப்போதும் சுவரில் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார், உங்கள் நிலைமைதான் அவருக்கும், நீங்கள் நிஜமாகவே நோய்ப்பட்டுத் தேறினவர், நீங்கள் எழுதினால் பொய்யே வேண்டாம் என்றது.

நியாயமாகத்தான் பட்டது. வடிவு அங்கேயே தரையில் உட்கார்ந்து, கதவில் இருந்த திரையில் சுவரைத் திறந்தாள். தன் சிநேகிதன் ஒருவனுக்குத் தட்டணு பெருகிவிட்டதாக யாரோ எழுதியிருந்தார். பப்பாளி இலைச்சாறு என்று பதில் வந்து, அதற்கு அவர் நன்றியும் சொல்லியிருந்தார். வடிவு தனக்கு நடந்ததை ஒன்றுவிடாமல் எழுதினாள். பப்பாளி இலை ஆகாது, பயப்படவேண்டாம், மஜ்ஜைப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், மாத்திரையில் அடங்கலாம், நான் தேறிவிட்டேன் என்று முடித்தாள்.

பதில் உடனே வந்தது.

‘வைத்தி பேசுற மாதிரியே இருக்கு. மனுஷங்க யாராவது இருந்தா சொல்லுங்க.’

வடிவு தன் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். டப்பாவைத் திறந்து ஒரு முந்திரிக்கொத்தை எடுத்து மென்றாள். அந்த ஆளுக்கு ஊசி எப்போது காணாமல் போகுமோ, எந்தக் கண் இருளுமோ. கையைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் எழுதினாள்.

‘ஏ தம்பி, சிநேகிதனாவது ஒண்ணாவது. பப்பாளி இலையத் தூக்கித் தூரப் போடு. முருங்கைக்கீரைல சீரகம் தட்டிப் போட்டுச் சாறு வையி. விடிய எந்திரிச்சுக் கிழக்குப் பாத்துக் குடி. அந்தத் தெம்போட போய் மஜ்ஜை ஊசியப் போட்டுக்கிட்டு வா.’

‘இதை முதல்லயே சொல்லியிருக்கலாமே அக்கா’ என்று வந்தது பதில். ‘நாளைக்கே ஊசிக்குப் போறேன். மனுஷங்க வாயால கேட்டாத்தான் ஒரு நம்பிக்கை வருது. ஆமா, இங்க கிழக்கு எந்தப் பக்கம்?’

உணவுக்கூடம் இருக்கிற பக்கம் என்று எழுதி, கீழே ராஜாமணி என்று போட்டாள் வடிவு.