வெள்ளிக்கிழமைக் கட்டம்

எழிலரசன் கம்ப்யூட்டர் திரையில் இருந்த அந்தச் சிவப்புப் பட்டையை அவசர அவசரமாக அழித்துக்கொண்டிருந்தான். முதலாளி பார்ப்பதற்குள் சுவடே இருக்கக்கூடாது.

இலுப்பூர் பக்கத்து டயாலிசிஸ் சென்டருக்கு அவன் செய்துகொடுத்த காலண்டர் அது. ராகு காலத்தில் யாருக்கும் ஊசி குத்தக்கூடாது என்று சென்டர் முதலாளி சொன்னதால், அந்த நேரத்துக்கு ஒரு பட்டை சொருகினான். மற்ற நாட்களில் சரியாகத்தான் நின்றது. வெள்ளிக்கிழமை மட்டும் தனக்குக் கீழே இருந்த நோயாளிகளின் பெயர்களை ஒரு கட்டம் இறக்கிவிட்டது. பன்னிரண்டு மணிக்காரருக்கு ஒன்றரை என்று காட்டியது.

முதலாளி கேட்டபோது, "நர்ஸ் பேரைத் தப்பா ஏத்திட்டாங்க சார்" என்றிருந்தான். நினைக்கும்போதெல்லாம் காது மடல் சுட்டது.

பட்டை போனது. பெயர்கள் மேலேறின, ஒன்றைத் தவிர.

ஜெபமாலையம்மாள்.

கையால் இழுத்து மேலே வைத்தான். ஒரு கட்டம் இறங்கியது. மறுபடி வைத்தான். இன்னும் ஒன்று இறங்கியது. புதுக்கோட்டையின் சாயங்கால மழை ஜன்னலில் வழிய, ஈரமண் வாசத்துக்கு நடுவே ஆஸ்பத்திரி ஸ்பிரிட் நெடி அடித்தது. கீழே துணிக்கடை ஓரமாக அவன் அறைக்கு ஏறும் மாடிப்படியில் யாரோ ஒவ்வொரு படிக்கும் நின்று, இரைத்து இரைத்து மூச்சு வாங்கி ஏறும் சத்தம். இங்கே பெயர் ஒரு கட்டம் இறங்கினால், அங்கே ஒரு படி.

போன் அலறியது. நர்ஸ் பொற்கொடி.

"எம்மேல பழியத் தூக்கிப் போட்டுட்டீங்கள்ல தம்பி? நல்லா இருங்க. இனிமே வேலைக்கு வராதன்னுட்டாரு மொதலாளி."

அவன் மன்னிப்புக் கேட்காமல் திரையில் இறங்கும் பெயரையே பார்த்தான்.

"அக்கா... ஜெபமாலையம்மாள்னு ஒரு பேரு. நீங்க ஏத்துனதா?"



"அந்தப் பேர அன்னைக்கே அழிச்சிட்டேனே."

பெயர் கடைசிக் கட்டத்தையும் தாண்டியது. வெறும் வெள்ளையில் நின்றது.

படிச் சத்தம் ஓய்ந்தது.

முதுகுக்குப் பின்னால் நாற்காலி முனகியது. இரைப்பு. பிடரியில் ஈரக் காற்று. அவன் திரும்பவில்லை. குனிந்த கண்ணில் பட்டன, வீங்கிப் பளபளத்த இரண்டு பாதங்கள்.

போனில் பொற்கொடியின் குரல் தொடர்ந்தது. "போன வெள்ளி ஒங்க காலண்டர் காட்டுன நேரத்துக்குத்தான் அந்தம்மா வந்தாங்க தம்பி. அதுக்குள்ள நெஞ்சு பூரா தண்ணி கோத்துக்கிச்சு. எங்க சென்டர் வாசப்படியிலயே உசுரு போயிருச்சு."