வெயில் காணாத கண்

“அதுக்கு மட்டும் ஏம்ப்பா யாரும் வெயில் காட்ட மாட்டேங்காவ?” என்று எஸ்தர் ஒருமுறை கேட்டாள்.

அப்போது அவளுக்கு ஏழு வயது. செவ்வாய்க் கோளின் நிலத்தடிக் குடியிருப்பான புதுத்துறையில், எல்லோரும் நாள்தோறும் கால் மணி நேரம் வெயில் விளக்கின் கீழ் நிற்க வேண்டும். சூரியனின் புற ஊதாக் கதிரைத் தரும் அந்த விளக்கு இல்லாவிட்டால் எலும்பு உளுத்துவிடும். வேலைக்குப் போகும் வாயிலின் சுவரில் பதிந்திருந்த ‘நோக்கி’ என்ற இயந்திரக் கண் மட்டும் எப்போதும் நிழலிலேயே கிடக்கிறதே என்று குழந்தைக்கு இரக்கம். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நோக்கியைப் பராமரிக்கும் அவள் தந்தை தொபியாஸும் சிரித்தான்.

காலையில் வேலைக்குப் போகுமுன் நானூறு பேரும் நோக்கியின் முன் கண்ணை அகல விரித்து நிற்பார்கள். கண் வெள்ளையில் எவ்வளவு மஞ்சள் என்று அது ஓர் எண் சொல்லும். நாற்பதைத் தொட்டவர் கீழறைக்குப் போக வேண்டும். அங்கே உறைதூக்கப் பெட்டியில் படுக்க வைத்து மூடிவிடுவார்கள். மருத்துவக் கப்பல் வரும்வரை, அதாவது இன்னும் ஒன்பது ஆண்டுகள், தூக்கம்தான்.

இதைக் கொடுமை என்று யாரும் நினைக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் மஞ்சள் நோய் ஒரே மாதத்தில் பத்தொன்பது பேரைக் கொண்டுபோனது. மற்றவர்களைக் காப்பாற்றியது நோக்கிதான்.

பிறகு ஒரு புழுதிப் புயலில் அதன் வில்லை உடைந்தது. யாரோ நினைவுப் பொருளாகக் கொண்டுவந்து வெயில் விளக்கடியில் வைத்திருந்த பழங்காலக் கேமராவின் வில்லையைக் கழற்றிப் பொருத்தினார்கள். ஒளியை நன்றாக வளைப்பதற்காக அந்தக் காலத்தில் கண்ணாடியில் தோரியம் கலப்பார்கள். தோரியம் கதிர் உமிழும் பொருள். ஆண்டுக்கணக்கில் அது தன் கண்ணாடியைத் தானே மெல்ல மஞ்சளாக்கிக்கொள்ளும். புதுத்துறையில் இது யாருக்கும் தெரியாது.

எண்கள் ஏறத் தொடங்கின. காய்ச்சல் இல்லை, சாவு இல்லை; எண் மட்டும் ஏறியது. மாதந்தோறும் நோக்கியைச் சரிபார்க்க ஒரு வெள்ளைத் தட்டை அதன்முன் காட்டுவார்கள். தட்டும் மஞ்சள் என்றது நோக்கி. தட்டு அழுக்காகிவிட்டது என்று தட்டை மாற்றினார்கள். மூன்று முறை மாற்றினார்கள்.

பிறப்பிலேயே கண் வெள்ளை சற்று மங்கலாக இருந்தவர்கள் முதலில் போனார்கள். தாயில்லாத எஸ்தர் ஒன்பது வயதில் போனாள். உறவினர் கீழறைக்குள் வரக்கூடாது. கீழறைப் பணியாளான சலோமி, கையுறையைக் கழற்றிவிட்டு, குழந்தை உறங்கும்வரை அவள் விரல்களைப் பிடித்துக்கொண்டிருந்தாள். அது விதிமீறல். வெளியே வந்து தொபியாஸிடம், “பயப்படல தம்பி. பாட்டுப் படிக்கச் சொன்னா, படிச்சேன்” என்று மட்டும் சொன்னாள்.

இப்போது கீழறையில் இருந்த இருபத்து நான்கு பெட்டிகளில் ஒன்றுதான் மீதி. பெரிய வியாழனன்று சலோமிக்கு முப்பத்தொன்பது வந்தது.

“அடுத்த வாரம் நானே எனக்குப் படுக்கை விரிச்சுக்கிடணும் போல,” என்று சிரித்தாள். “ஏந்தம்பி, எனக்கு யாரு பாட்டுப் படிப்பா?”

அவள் போன பிறகு, தொபியாஸ் இருண்ட வில்லையை வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றான். வெயில் பற்றிய மகளின் பழைய கேள்வி நினைவுக்கு வந்தது.

பெரிய வெள்ளிக்குக் கோயிலின் புனிதர் சுரூபங்களோடு நோக்கியையும் ஊதாத் துணியால் மூடுவது புதுத்துறை வழக்கம். ஞாயிறுவரை மூன்று நாளும் வேலை இல்லை, வாயிலும் திறக்காது. துணிக்குப் பின்னால் கண் இல்லை என்பதை யாரும் அறியவில்லை. வில்லை தொபியாஸின் வீட்டு வெயில் விளக்கின் கீழ் கிடந்தது. முதல் நாள் தேநீர் நிறம். இரண்டாம் நாள் வைக்கோல் நிறம். புற ஊதாக் கதிர் மஞ்சளை வெளுக்க, மூன்றாம் நாள் காலையில் தண்ணீர்போல் தெளிந்திருந்தது. அவன் முழந்தாளிட்டு அழுதான்.

திங்கட்கிழமை எண்கள் வந்தன. எட்டு. ஐந்து. ஒன்பது. சலோமிக்குப் பதினொன்று.

யாரும் மகிழவில்லை. வரிசையில் ஒரு கிலி பரவியது.

“கண்ணு அவிஞ்சு போச்சு வே!” என்றார் குழுத் தலைவர் லூர்துநாயகம். “நோயாளிய எல்லாம் உள்ள விடுது.”

“இல்ல அண்ணாச்சி, இப்பத்தான் சரியாப் பாக்குது,” என்று தொபியாஸ் நடந்ததையெல்லாம் சொன்னான். “மஞ்சள் நம்ம கண்ணுல இல்ல. அந்தக் கண்ணாடியிலதான் இருந்துச்சு.”

“அப்போ கீழ கெடக்க இருவத்து மூணு பேரும்?” என்றார் லூர்துநாயகம்.

“யாருக்கும் ஒண்ணுமில்ல அண்ணாச்சி. எம் மவளுக்கும்,” என்றான் தொபியாஸ்.

“எம் பொண்டாட்டி, என்னைய விட்டுராதீயன்னு கையப் புடிச்சு அழுதா. நாந்தாம்வே கையெழுத்துப் போட்டு அனுப்புனேன்.” லூர்துநாயகம் தன் வலக் கையைப் பார்த்தார். “அவளுக்கு ஒண்ணுமே இல்லைங்கியா? இனிமே இந்தப் பேச்சப் பேசாத. பேசாத வே!”

அங்கிருந்த எல்லோருடைய முகத்திலும் அதே கெஞ்சல் இருந்தது. குழு ஒரு மணி நேரம் கூடிப் பேசியது. முடிவு எளிமையானது: நோக்கி இப்போது குறைத்துச் சொல்கிறது என்று, வரம்பு நாற்பதிலிருந்து பத்தாகக் குறைக்கப்பட்டது. பத்தைத் தாண்டியவர் சலோமி ஒருத்திதான். மறுநாள் நண்பகலில் அவள் கீழறைக்குப் போக வேண்டும்.

மறுநாள் அவள் போனபோது கடைசிப் பெட்டி நிரம்பியிருந்தது.

அதில் கிடந்த தொபியாஸுக்குத்தான் நோய் முற்றியிருந்தது, அதனால்தான் அப்படிப் பிதற்றினான் என்று குழு தீர்மானித்தது. அவனுடைய எண் ஆறு என்பதை யாரும் எடுத்துப் பார்க்கவில்லை. இனி அனுப்பப் பெட்டி இல்லாததால், கப்பல் வரும்வரை வரம்பை மறுபடி நாற்பதாக்கினார்கள். அன்று மாலையே புதுத்துறையில் ஒரு நோயாளியும் இல்லை என்று அறிவிப்பு வந்தது. கோயிலில் நன்றித் திருப்பலி நடந்தது. சலோமி கடைசி வரிசையில் அமர்ந்து, பாட வாய் வராமல் அழுதாள்.

அன்று காலையில், சலோமி வருமுன், எல்லோரும் கண்ணை விரித்து வரிசையில் நின்ற நேரத்தில், கீழறையில் ஆள் இல்லை. தொபியாஸ் எஸ்தரின் பெட்டிமேல் படிந்திருந்த பனியைக் கையால் துடைத்தான். பக்கத்தில் காலியாக இருந்த கடைசிப் பெட்டியில் ஏறிப் படுத்தான். கையைப் பிடித்துக்கொள்ள யாரும் இல்லை. மூடி இறங்கத் தொடங்கியதும், சலோமி படித்த பாட்டு எதுவாக இருக்கும் என்று யோசித்து, தனக்குத் தெரிந்த ஒன்றை மெல்லப் பாடினான்.